சோறு போய் சப்பாத்தி வந்தது... சர்க்கரை ஏன் இறங்கவில்லை?

"டாக்டர், சோத்தை விட்டு ஒரு வருஷமாச்சு. காலையில கேழ்வரகுக் கஞ்சி, ராத்திரி சப்பாத்தி. காபிக்குக்கூட கருப்பட்டிதான். அப்படியும் சுகர் இறங்க மாட்டேங்குதே!"

என்னிடம் வரும் நீரிழிவுக்காரர்களில் பலர் சொல்லும் குறை இது. பத்தியம் இருப்பதாக அவர்கள் மனதார நம்புகிறார்கள். ஆனால் தானியம்தான் மாறியிருக்கிறது, அளவு மாறவில்லை.

கணக்கைப் பாருங்கள். 100 கிராம் அரிசியில் மாவுச்சத்து சுமார் 78 கிராம். கோதுமை மாவிலும் கேழ்வரகிலும் 65 முதல் 72 கிராம் வரை. பெரிய வித்தியாசம் இல்லையே! ஒரு கப் சோற்றுக்குப் பயந்து, நான்கு சப்பாத்தியும் உருளைக்கிழங்கு குருமாவும் சாப்பிட்டால் சர்க்கரை எப்படி இறங்கும்?

கேழ்வரகு நல்ல தானியம்தான். சுண்ணாம்புச் சத்தும் நார்ச்சத்தும் நிறைந்தது. ஆனால் அதை நைசாக அரைத்து, கஞ்சியாகக் காய்ச்சிக் குடித்தால் சீக்கிரம் செரித்து ரத்தத்தில் கலந்துவிடும். அதையே முருங்கைக்கீரை போட்டு அடையாகத் தட்டி, மென்று சாப்பிட்டால் சர்க்கரை நிதானமாக ஏறும். பழமும் அப்படித்தான். ஒரு கொய்யாவைக் கடித்துச் சாப்பிடலாம், ஜூஸ் வேண்டாம்.

கருப்பட்டி, நாட்டுச்சர்க்கரை, தேன் மூன்றுமே இனிப்புதான். சூரணத்துக்கு அனுபானமாக நாங்கள் தேன் கொடுப்பதுண்டு. நீரிழிவுக்காரர்களுக்கு மட்டும் வெந்நீர் என்று மாற்றிவிடுவேன்.

தட்டில் எது எவ்வளவு?

தட்டில் பாதி இடம் காய்க்கும் கீரைக்கும். அவரை, வெண்டை, புடலை, பாகல், வாழைப்பூ என்று எதுவாகவும் இருக்கலாம். உருளை, சேனை, மரவள்ளி இந்தக் கணக்கில் சேராது; அவை சோற்றோடு சேர்ந்தவை. கால் பங்கு பருப்பு, சுண்டல், முட்டை அல்லது மீன். மிச்சமிருக்கும் கால் பங்குதான் சோறோ சப்பாத்தியோ. இரண்டில் ஒன்று.

முதலில் காயையும் பருப்பையும் சாப்பிட்டுவிட்டு, பிறகு சோற்றுக்கு வாருங்கள். சாப்பிட்டதும் பதினைந்து நிமிஷம் மெதுவாக நடங்கள். இரண்டுமே சாப்பாட்டுக்குப் பின் சர்க்கரை ஏறும் வேகத்தைக் குறைக்கும்.

அம்மா எப்போது சாப்பிடுகிறார்?

வீட்டில் சர்க்கரை உள்ளவர் இல்லத்தரசியாக இருந்தால் இன்னொரு சங்கடம் உண்டு. மாத்திரையை எட்டு மணிக்கே போட்டுக்கொள்வார். எல்லோருக்கும் டிபன் கட்டி அனுப்பிவிட்டு, அவர் சாப்பிட உட்காரும்போது மணி பதினொன்று! வெள்ளிக்கிழமை, சஷ்டி என்றால் அதுவும் இல்லை. கிளைமிபிரைடு போன்ற மாத்திரையோ இன்சுலினோ எடுப்பவர்களுக்கு இது ஆபத்து. இதோடு பாகற்காய்ச் சாறு, வெந்தயப் பொடி, ஆவாரம்பூக் குடிநீர் என்று கேள்விப்பட்டதையெல்லாம் சேர்த்தால் சர்க்கரை 70-க்குக் கீழே போய்விடலாம்.

திடீர் வியர்வை, கை நடுக்கம், படபடப்பு, கடும் பசி, பேச்சில் குழறல் ஆகியவை அதன் அறிகுறிகள். அப்போது பத்தியம் பார்க்காதீர்கள். மூன்று டீஸ்பூன் சர்க்கரையைத் தண்ணீரில் கரைத்து உடனே குடிக்கக் கொடுங்கள். பதினைந்து நிமிஷம் கழித்துச் சோதித்துப் பார்த்து, ஏறவில்லை என்றால் இன்னொரு முறை கொடுங்கள். நினைவு தப்பியிருந்தால் வாயில் எதையும் ஊற்றாமல் ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு ஓடுங்கள்.

சித்த மருத்துவனாகவே இதைச் சொல்கிறேன். மேக நோய் இருபது வகை என்று நம் சித்தர்கள் வகுத்தார்கள். ஆவாரைக் குடிநீரும் சொன்னார்கள். அதை நானும் கொடுக்கிறேன். ஆனால் அதை நம்பி இன்சுலினை நிறுத்திவிட்டு வருகிறவர்களைப் பார்த்தால் எனக்குப் பயமாக இருக்கிறது. சிறு வயதிலேயே இன்சுலின் தேவைப்பட்டவர்கள் அதை நிறுத்தினால் சில நாட்களிலேயே உயிருக்கு ஆபத்து. எந்த மூலிகை சாப்பிட்டாலும் இரண்டு வைத்தியரிடமும் மறைக்காமல் சொல்லுங்கள். மாத்திரையின் அளவைக் குறைப்பது, அதைக் கொடுத்த டாக்டரின் வேலை.

நீங்களே சோதித்துப் பாருங்கள்

இட்லியா, அடையா, எது ஒத்துக்கொள்கிறது என்று வீட்டில் விவாதம் வேண்டாம். சாப்பிடும் முன் ஒரு தடவை, முதல் வாய் வைத்ததிலிருந்து இரண்டு மணி நேரம் கழித்து ஒரு தடவை, குளுக்கோமீட்டரில் பாருங்கள். என்ன சாப்பிட்டீர்கள், எத்தனை என்பதையும் ஒரு நோட்டில் எழுதுங்கள். பெரும்பாலானவர்களுக்கு இரண்டாவது எண் 180-க்குள் இருந்தால் நல்லது. வயதானவர்களுக்கும் கர்ப்பிணிகளுக்கும் இந்த அளவு வேறு, டாக்டரைக் கேட்டுக்கொள்ளுங்கள்.

மூன்று இட்லிக்கு 220 காட்டினால் அடுத்த நாள் இரண்டு இட்லியும் ஒரு கிண்ணம் காய் போட்ட சாம்பாரும் வைத்துப் பாருங்கள். ஒரு வாரம் எழுதினால் போதும். உங்கள் உடம்புக்கு எது, எவ்வளவு என்பது அந்த நோட்டிலேயே தெரிந்துவிடும். அடுத்த முறை டாக்டரிடம் போகும்போது மறக்காமல் அதைக் கையோடு எடுத்துப் போங்கள்.