வளைகோட்டுக்கு இணைகோடு



இணைகோடு என்றால் என்ன என்று வினவினால், உங்களுள் எவரும் தயங்காமல் விடை கூறுவீர்கள். எங்கும் சந்திக்காமல், என்றும் ஒரே இடைவெளியில் செல்லும் இரு நேர்கோடுகள் என்பீர்கள். இருப்புப் பாதையை எடுத்துக்காட்டாகவும் சொல்வீர்கள். நன்று. ஆனால் அந்த இருப்புப் பாதை ஒரு குன்றின் அடிவாரத்தில் வளைந்து திரும்புகிறது. தண்டவாளங்கள் இரண்டும் வளைகின்றன. இடைவெளியோ ஒன்றாகவே இருக்கக் காண்கிறோம். அவ்விரு வளைகோடுகளுக்கும் உள்ள உறவு யாது? ஒன்று மற்றொன்றின் நகலா? பெரிதாக்கிய வடிவமா? அன்றி, வேறொரு கோடா?

கட்டடக் கலை பயிலும் மாணவர்கள் இக்கேள்வியை நாள்தோறும் கணிப்பொறியின் முன் சந்திக்கின்றனர். ஆட்டோகேட் என்னும் வரைபட மென்பொருள் 1982ஆம் ஆண்டின் இறுதியில் வெளிவந்தது. அதிலும், அதன் பின் வந்த பிற மென்பொருள்களிலும், ‘ஆஃப்செட்’ என்றொரு கட்டளை உண்டு. ‘விலக்கி வரைதல்’ என்று நாம் அதனைத் தமிழில் கூறலாம். சுவரின் ஒரு முகத்தை வரைந்து, கனத்தை எண்ணாகக் கொடுத்து, எப்பக்கம் என்று சுட்டினால் போதும். மறுமுகத்தைக் கணிப்பொறி கண்ணிமைக்கும் பொழுதில் வரைந்துவிடும். நேர்ச்சுவராயின் இதில் வியப்பில்லை. வளைந்த சுவராயின் அந்த இரண்டாவது கோடு எங்கிருந்து வந்தது என்பதை அறிந்துகொள்வது நல்லது. அறியாமற் போனால் நேரும் இடர் ஒன்றையும் பின்னர்ச் சொல்வேன்.

தெரிந்ததிலிருந்து தெரியாததற்குச் செல்க என்பது ஆசிரியப் பயிற்சியில் எங்களுக்குக் கற்பித்த முதல் விதி. ஆகவே ஒரு வளையலிலிருந்து தொடங்குவோம். வளையலைத் தாளின்மீது வைத்துச் சுற்றிலும் கோடு இழையுங்கள். பின் அதனை ஒரு விரற்கடை மேலே நகர்த்தி மீண்டும் இழையுங்கள். உச்சியில் இரு கோடுகளுக்கும் இடையே ஒரு விரற்கடை இருக்கும். பக்கங்களிலோ அக்கோடுகள் ஒன்றையொன்று வெட்டிக்கொள்ளும். நேர்கோட்டை நகர்த்தினால் இணைகோடு கிடைக்கும். வளைகோட்டை நகர்த்தினால் கிடைக்காது என்பது இதனால் விளங்கும்.

அவ்வாறாயின் வழி என்ன? வளைகோட்டின் ஒவ்வொரு புள்ளியிலும் ஒரு தொடுகோடு உண்டு. அத்தொடுகோட்டுக்குச் செங்குத்தாகக் குறித்த தொலைவு சென்று ஒரு புள்ளி இடவேண்டும். இவ்வாறு இட்ட புள்ளிகளையெல்லாம் சேர்த்தால் வருவதே இணை வளைகோடு. இதனைக் கையால் செய்து பார்க்க எளிய முறையும் இருக்கிறது. கெட்டி அட்டையில் ஒரு வளைந்த வடிவத்தை வெட்டிக்கொண்டு, அதன் விளிம்பை ஒட்டி ஒரு வட்டத்தகட்டை உருட்டுங்கள். தகட்டின் மையம் செல்லும் தடமே இணை வளைகோடு. தகட்டின் ஆரமே இடைவெளி. பதினேழாம் நூற்றாண்டின் இறுதியிலேயே லைப்னிட்ஸ் என்னும் ஜெர்மானியப் பேரறிஞர் இத்தகைய கோடுகளை ஆராய்ந்திருக்கிறார்.

வளைகோடுகளுள் வட்டம் ஒன்றே இவ்வகையில் மிக எளியது. மையம் மாறுவதில்லை, ஆரம் மட்டும் கூடும், அல்லது குறையும். விளையாட்டுத் திடலில் இதனை நீங்கள் கண்டிருக்கிறீர்கள். 400 மீட்டர் ஓடுபாதையில் இரண்டு நேர்ப்பகுதிகள் உண்டு, ஒவ்வொன்றும் 84.39 மீட்டர். இரு முனைகளிலும் 36.50 மீட்டர் ஆரமுள்ள அரைவட்டங்கள் உண்டு. முதல் தடத்தின் நீளத்தை உள்விளிம்பிலிருந்து 30 சென்டிமீட்டர் தள்ளி, அதாவது 36.80 மீட்டர் ஆரத்தில் அளப்பார்கள். கணக்கிட்டுப் பாருங்கள், சரியாக 400 மீட்டர் வரும். ஒவ்வொரு தடத்தின் அகலமும் 1.22 மீட்டர். இரண்டாம் தடத்தை அதன் உட்கோட்டிலிருந்து 20 சென்டிமீட்டர் தள்ளி அளப்பதால், அதன் ஆரம் 37.92 மீட்டர் ஆகிறது. ஆர வேறுபாடு 1.12 மீட்டர், அதனை இரண்டு பையால் பெருக்கினால் 7.04 மீட்டர். ஒரு முழுச்சுற்று ஓடும்போது இரண்டாம் தடத்து வீரன் ஏன் ஏழு மீட்டர் முன்னே நிற்கிறான் என்பதற்கு இதுவே காரணம். இக்கணக்கில் திடலின் பருமன் வரவே இல்லை என்பதைக் கவனியுங்கள். முழுச்சுற்றுச் சுற்றிவரும் எந்த வட்டத்துக்கும் இடைவெளியை இரண்டு பையால் பெருக்கிய அளவே நீளம் கூடும். 23 சென்டிமீட்டர் கனமுள்ள சுவர் கால்வட்டம் திரும்பினால், புறமுகம் அகமுகத்தைவிட 36 சென்டிமீட்டர் நீளும். ஆரம் 2 மீட்டராயினும் 20 மீட்டராயினும் அதுவே. செங்கல் எண்ணும் கொத்தனாருக்கு இது பயன்படும் கணக்கு.

இனி நீள்வட்டத்துக்கு வருவோம். என்னிடம் கணக்குக் கேட்க வரும் கல்லூரி மாணவர்களுள் ஒருவன், ஒரு நூலகக் கூடத்தின் வரைபடத்தைக் காட்டினான். கூடம் நீள்வட்டம், நீளம் 20 மீட்டர், அகலம் 12 மீட்டர். அதனைச் சுற்றி 1 மீட்டர் அகலத்தில் ஒரு நடை வேண்டும். அவன் கூடத்தின் கோட்டை 1.1 மடங்கு பெரிதாக்கி வைத்திருந்தான். முனையில் அரைநீளம் 10 மீட்டர் 11 ஆயிற்று. நடை 1 மீட்டர், சரியே. பக்கத்திலோ அரையகலம் 6 மீட்டர் 6.6 தான் ஆயிற்று. நடை 60 சென்டிமீட்டராகச் சுருங்கிவிட்டது. படத்தில் பார்க்க அழகாகவே இருந்தது. ஆனால் 60 சென்டிமீட்டர் நடையில் சக்கர நாற்காலியில் வரும் பிள்ளை எவ்வாறு செல்வாள்? கோட்டில் நேரும் பிழை கோட்டோடு நிற்பதில்லை. அது ஒருவரை வாயிலிலேயே நிறுத்திவிடும்.

“அப்படியானால் அரைநீளம் 11, அரையகலம் 7 என்று வேறொரு நீள்வட்டம் வரைந்தால் என்ன?” என்று அவன் கேட்டான். நல்ல கேள்வி. முனைகளிலும் பக்கங்களிலும் 1 மீட்டர் கிடைத்துவிடும். ஆனால் இவற்றுக்கு இடைப்பட்ட பகுதியில் ஏறக்குறைய 3 சென்டிமீட்டர் குறையும். நடைக்கு அது பெரிதன்று. கண்ணாடியோ கருங்கல்லோ பொருத்த வேண்டிய இடத்தில் அது பெரிதே. உண்மை யாதெனில், நீள்வட்டத்தின் இணைகோடு நீள்வட்டமே அன்று. நீள்வட்டத்தின் சமன்பாடு இரண்டாம் படியைச் சார்ந்தது. அதன் இணைகோட்டின் சமன்பாடு எட்டாம் படிக்கு உயர்கிறது. ஆட்டோகேட்டில் நீள்வட்டத்தை விலக்கி வரையச் சொன்னால், அது நீள்வட்டத்தைத் தராமல் ‘ஸ்பிளைன்’ என்னும் வேறுவகைக் கோட்டைத் தருவது இதனாலேதான்.

இந்த இடர்ப்பாட்டைப் பழங்காலத்துக் கட்டடக் கலைஞரும் சந்தித்திருக்கின்றனர். உரோம நகரில் கி.பி. 80இல் திறக்கப்பட்ட கொலோசியம் என்னும் அரங்கத்தைப் பாருங்கள். அதன் புறச்சுற்று ஏறத்தாழ 189 மீட்டர் நீளமும் 156 மீட்டர் அகலமும் உடையது. நடுவேயுள்ள ஆடுகளம் 83 மீட்டர் நீளம், 48 மீட்டர் அகலம். கழித்துப் பாதியாக்குங்கள். நீளவாக்கில் 53 மீட்டர். அகலவாக்கில் 54 மீட்டர். இருக்கைப் பகுதி எப்புறமும் ஏறக்குறைய ஒரே அகலம்! புறச்சுற்றைச் சுருக்கி ஆடுகளம் அமைத்திருந்தால் 83 மீட்டர் நீளத்துக்கு அகலம் 68 மீட்டருக்கு மேல் வந்திருக்கும். கட்டியவர்கள் சுருக்கவில்லை, விலக்கியே வரைந்தனர்.

அதே நகரில் புனித பேதுரு சதுக்கத்தில், பெர்னினி என்னும் சிற்பி 1656 முதல் 1667 வரை எழுப்பிய தூண்வரிசைகள் இன்னும் தெளிவான சான்று. அங்கே தூண்கள் வளைவாக நான்கு வரிசைகளில் நிற்கின்றன. தரையில் குறித்துள்ள ஒரு வட்டக் கல்லின்மேல் நின்று நோக்கினால், பின்னுள்ள மூன்று வரிசைகளும் முன்வரிசைக்குள் மறைந்து, ஒரே வரிசை போலத் தோன்றும். மாயம் ஒன்றுமில்லை. அந்நான்கு வளைவுகளும் ஒரே மையத்தைக் கொண்ட வட்டவில்கள். அம்மையத்தில்தான் அக்கல் இருக்கிறது. வட்டவில்லைத் தேர்ந்தால் இணைகோடு எளிதாகும். முளை ஒன்றும் கயிறு ஒன்றும் இருந்தால் தரையிலேயே அதனைத் துல்லியமாக இழுத்துவிடலாம்.

புறத்தே விலக்குவதைவிட அகத்தே விலக்குவதில் இடர் மிகுதி. வளைகோட்டின் ஒவ்வோர் இடத்திலும் அதனோடு நன்கு ஒட்டிப் பொருந்தும் ஒரு வட்டம் உண்டு. அதன் ஆரத்தை வளைவு ஆரம் என்பர். நாம் கண்ட கூடத்தின் முனைகளில் வளைவு ஆரம் 3.6 மீட்டர். அதைவிட மிகுதியாக, 4 மீட்டர் உள்ளே விலக்கினால் என்ன ஆகும்? செங்குத்துகள் ஒன்றையொன்று கடந்துவிடும். கோடு தன்னையே வெட்டிக்கொண்டு பறவையின் வால்போல் பிளவுபடும். மென்பொருள் அவ்வாலைத் தானாகவே நறுக்கிவிடுவதும் உண்டு. அப்பொழுது வழவழப்பான கோட்டின் உள்ளே கூரிய முனை ஒன்று தோன்றும். அது பொறியின் கோளாறு அன்று. குறுகிய திருப்பத்தில் பெரிய தகடு உருள இயலாது என்ற உண்மையையே அம்முனை காட்டுகிறது.

கோடுகள் கூடும் மூலைகளிலும் இத்தகைய நுட்பம் உண்டு. புறத்தே விலக்கும்போது மூலையில் ஓர் இடைவெளி திறக்கும். அதனைக் கோடுகளை நீட்டிக் கூர்மையாகவும் மூடலாம். வட்டவில்லால் உருட்டியும் மூடலாம். சாய்வாக வெட்டியும் மூடலாம். மூன்றையும் மென்பொருள் செய்யும். மூலையைச் சுற்றிலும் ஒரே தொலைவைக் காப்பது வட்டவில் ஒன்றே.

ஸ்பிளைன் என்று சொன்னேன். கப்பல் கட்டுவோர் நெடுவளைவுகளை வரையப் பயன்படுத்திய வளையும் மரச்சட்டத்தின் பெயர் அது. கணிப்பொறியிலோ அது பல்லுறுப்புக் கோவைகளால் அமைந்த கோடு. செங்குத்துத் திசையில் சரியாக ஓர் அளவு செல்ல, வர்க்கமூலம் காணவேண்டும். பல்லுறுப்புக் கோவையின் வர்க்கமூலம் பொதுவாகப் பல்லுறுப்புக் கோவையாக இராது. ஆதலின் பொறி தோராயமான ஒரு கோட்டையே தருகிறது. பிழை குறித்த எல்லைக்குள் அடங்குமாறு பார்த்துக்கொள்கிறது. 1990இல் ஃபரூக்கி, சக்காலிஸ் என்னும் இரு அறிஞர்கள் இதற்கு ஒரு வழி கண்டனர். மூன்றின் வர்க்கமும் நான்கின் வர்க்கமும் சேர்ந்து ஐந்தின் வர்க்கமாவதை நீங்கள் அறிவீர்கள். அவ்வாறே, வர்க்கங்களின் கூட்டல் மற்றொரு முழு வர்க்கமாக அமையும் வளைகோடுகளை அவர்கள் வகுத்தனர். அவற்றின் இணைகோட்டைப் பல்லுறுப்புக் கோவைகளின் விகிதமாகத் துல்லியமாகவே எழுதலாம். எட்டாம் வகுப்பில் நாம் கற்ற பிதாகரஸ் தேற்றம் எவ்வளவு தொலைவு செல்கிறது பாருங்கள்!

இதிலிருந்து நடைமுறைக்கு ஓர் அறிவுரையும் பிறக்கிறது. பல இணைகோடுகள் வேண்டுமாயின், ஒவ்வொன்றையும் மூலக் கோட்டிலிருந்தே விலக்கி வரையுங்கள். இணைகோட்டிலிருந்து இணைகோடு என்று அடுக்கிச் சென்றால் தோராயங்கள் சேர்ந்துகொண்டே போகும். உள்ளே விலக்கியதை மீண்டும் வெளியே விலக்கினால் பழைய கோடு திரும்பி வரும் என்றும் நம்பாதீர்கள். நறுக்கி எறிந்த பகுதி திரும்பாது.

கணிப்பொறியைக் குறை கூறுவது என் கருத்தன்று. நாங்கள் ஒரு நாள் முழுதும் செங்குத்துகள் இட்டு வரைந்ததை அது நொடியில் வரைகிறது. அதனை நன்கு பயன்படுத்துங்கள். ஆனால் கட்டளையிடும் முன் மூன்றை வினவிக்கொள்ளுங்கள். எனக்கு வேண்டுவது ஒரே வடிவமா, ஒரே இடைவெளியா? இக்கோட்டின் மிகக் குறுகிய வளைவு ஆரம் எவ்வளவு? நான் வரைவதைக் கொத்தனார் தரையில் எவ்வாறு குறிப்பார்? இன்று மாலையே இரண்டு ஆணியும் ஒரு நூலும் கொண்டு ஒரு நீள்வட்டம் வரைந்து, அட்டையில் வெட்டி, அதன் வெளிவிளிம்பில் ஒரு தகட்டை உருட்டுங்கள். தகட்டின் மையம் சென்ற தடத்தை, வேறு நீளத்து நூலால் வரைந்த எந்த நீள்வட்டத்தோடும் ஒப்பிடுங்கள். அவை பொருந்தாத இடங்களை நீங்களே கண்டு, அளந்து, குறித்து வையுங்கள்.