சுற்றுலா பாயிண்டின் அடக்க விலை என்ன?

துணிக்கடையிலோ பெட்ரோல் பங்கிலோ பெயரும் செல்போன் நம்பரும் எழுதிப் போட்ட கூப்பனுக்குப் பரிசு விழுந்திருப்பதாக ஒரு போன் வரும். கணவனும் மனைவியுமாக இன்ன ஹோட்டலுக்கு வந்து பரிசை வாங்கிக்கொள்ளுங்கள் என்பார்கள். போனால் காபி, பலகாரம், மலைவாசஸ்தலப் படங்கள், மூன்று மணி நேரப் பேச்சு. கடைசியில், "இன்றைக்கே கையெழுத்துப் போட்டால் இந்த விலை, நாளைக்கு இல்லை" என்று ஒரு தாளை நீட்டுவார்கள். 'டைம் ஷேர்' என்றும் 'விடுமுறை உரிமைத் திட்டம்' என்றும் சொல்லப்படும் வியாபாரம் இதுதான். இது முழுக்க ஏமாற்று என்று சொல்வது சரியல்ல. ஆனால் ஒரு மூட்டை மிளகாய் வற்றலுக்கு அடக்க விலை போட்டுப் பார்க்கிற நாம், நாலு லட்சம் ரூபாய்ச் சரக்குக்கு அடக்கம் போடாமல் கையெழுத்துப் போடலாகாது. அந்தக் கணக்கை விளக்குவதே இக்கட்டுரையின் நோக்கம்.

திட்டம் வந்த வழி

ஒரு விடுதி அறையைப் பலர் சேர்ந்து வாங்கி, ஆளுக்கு ஒரு வாரம் என்று முறை வைத்துத் தங்குவதே இதன் அடிப்படை. 1960களில் ஐரோப்பாவில் தொடங்கியது. 1963ல் சுவிட்சர்லாந்தில் ஏற்பட்ட ஹாப்பிமாக் என்ற நிறுவனம் உறுப்பினர்களுக்குப் புள்ளிகள் கொடுத்து, அவற்றைக் கொண்டு அறை எடுக்கும் முறையை நடத்தி வருகிறது. 1974ல் அமெரிக்காவில் தொடங்கிய ஆர்.சி.ஐ. என்ற அமைப்பு, ஓர் ஊரில் வாங்கிய வாரத்தை வேறோர் ஊருக்கு மாற்றிக்கொள்ள வழி செய்தது. டிஸ்னி நிறுவனம் 1991ல் பாயிண்ட் முறையில் தன் விடுமுறைச் சங்கத்தைத் தொடங்கியது.

நம் பக்கம் இது வந்தது சென்னை வழியாகத்தான். 1986ல் சென்னையில் தொடங்கிய ஸ்டெர்லிங் நிறுவனம் கொடைக்கானல், ஊட்டி முதலிய இடங்களில் 99 வருட உரிமை என்று விற்றது. 1996ல் மஹிந்திரா நிறுவனம் இத்துறைக்கு வந்தது. அதன் கிளப் மஹிந்திரா திட்டம் 25 வருடம், வருடத்துக்கு 7 நாள் என்று அமைந்தது. வருடத்தை ஊதா, சிவப்பு, வெள்ளை, நீலம் என்று நாலு பருவமாகப் பிரித்து, பருவத்துக்கு ஒரு விலை வைத்தார்கள். கூட்டம் அதிகமுள்ள பருவத்துக்கு விலை கூடுதல், கூட்டமில்லாத பருவத்துக்குக் குறைவு.

பாயிண்ட் என்பது என்ன?

வாரக் கணக்கில் வாங்கினால் குறிப்பிட்ட பருவத்தில் ஒரு வாரம் என்ற உரிமை கிடைக்கும். பாயிண்ட் முறையில் வருடத்துக்கு இத்தனை பாயிண்ட் என்று கணக்கில் வரவு வைப்பார்கள். எந்த ஊர், எந்த அறை, எந்த நாள் என்பதைப் பொறுத்து ஓர் இரவுக்கு இத்தனை பாயிண்ட் என்று பற்று எழுதுவார்கள்.

தோவாளைப் பூச்சந்தையை நினைத்துப் பாருங்கள். அதே பிச்சிப்பூ, அதே எடை. ஆனால் ஓணத்துக்கு ஒரு விலை, முகூர்த்த நாளுக்கு ஒரு விலை, மழை நாளில் கேட்பாரில்லாத விலை. விடுதி அறையும் அப்படித்தான். பாயிண்ட் பட்டியல் என்பது அந்த விலை ஏற்ற இறக்கத்தை முன்கூட்டியே அச்சடித்து வைத்த ஒரு தாள். ஆகவே "உங்களுக்கு 100 பாயிண்ட்" என்றால் அது எத்தனை நாள் தங்கலுக்குக் காணும் என்பது பட்டியலைப் பார்க்காமல் தெரியாது.

அடக்க விலைக் கணக்கு

உதாரணத்துக்கு ஒரு திட்டத்தை எடுத்துக்கொள்வோம். இவை எந்த நிறுவனத்தின் விலையும் அல்ல, கணக்கு விளங்குவதற்காக வைத்துக்கொண்ட தொகைகள். சேரும் தொகை 4,00,000 ரூபாய். காலம் 25 வருடம். வருடத்துக்கு 100 பாயிண்ட். ஆண்டுப் பராமரிப்புக் கட்டணம் வரியுடன் சேர்த்து முதல் வருடம் 20,000 ரூபாய்.

முதல் கணக்கு, விற்பவர் போட்டுக் காட்டுவது. 4,00,000 ரூபாயை 25 வருடத்துக்கான 2,500 பாயிண்டுகளால் வகுத்தால் ஒரு பாயிண்ட் 160 ரூபாய். கூட்டமில்லாத நாளில் ஓர் இரவுக்கு 8 பாயிண்ட் என்றால் 1,280 ரூபாய்க்கு அறை கிடைக்கிறது என்பார்கள். கேட்பதற்கு நன்றாகத்தான் இருக்கும்.

இரண்டாவது கணக்கு, பராமரிப்புக் கட்டணத்தைச் சேர்ப்பது. 20,000 ரூபாயை 100 பாயிண்டால் வகுத்தால் பாயிண்டுக்கு 200 ரூபாய். இப்போது ஒரு பாயிண்ட் 360 ரூபாய். வருடம் முழுவதும் நீங்கள் எங்கும் போகாவிட்டாலும் இந்த 20,000 ரூபாயைக் கட்டியே ஆக வேண்டும்.

மூன்றாவது கணக்கு, முதலுக்கு வட்டி. 25 வருடத்துக்கான பணத்தை இன்றே கொடுத்துவிடுகிறோம். அதற்கு வட்டி போடாமல் விடுவது வியாபாரி வழக்கமல்ல. 4,00,000 ரூபாயை 8 சதவீத வட்டிக்குக் கடனாக வாங்கி, 25 சம ஆண்டுத் தவணைகளில் அடைத்தால் வருடத்துக்கு ஏறத்தாழ 37,500 ரூபாய் வரும். பாயிண்டுக்கு 375 ரூபாய். பராமரிப்பு 200 ரூபாயும் சேர்ந்தால், முதல் வருடத்தில் ஒரு பாயிண்டின் உண்மையான அடக்க விலை 575 ரூபாய். விற்பவர் சொன்ன 160 ரூபாய் எங்கே, 575 ரூபாய் எங்கே என்று பாருங்கள்.

இப்போது தங்கும் இரவுக்குக் கணக்குப் போடுவோம். கூட்டமில்லாத நாளில் 8 பாயிண்ட் என்றால் 4,600 ரூபாய். மே மாதத்தில் அதே அறைக்கு 25 பாயிண்ட் என்றால் 14,375 ரூபாய். அந்த வருடத்து 100 பாயிண்டும் மே மாதத்து நாலு இரவுகளோடு தீர்ந்துவிடும்.

ஏறிக்கொண்டே போகும் கட்டணம்

"இன்றைய விலையில் 25 வருட விடுமுறை" என்பது இந்தத் தொழிலில் வழக்கமாகச் சொல்லும் பேச்சு. சேரும் தொகைக்கு மட்டும்தான் அது பொருந்தும். பராமரிப்புக் கட்டணம் ஏறும். மேலே சொன்ன 20,000 ரூபாய் வருடத்துக்கு 6 சதவீதம் ஏறினால், 10ம் வருடம் ஏறத்தாழ 33,800 ரூபாய், 25ம் வருடம் ஏறத்தாழ 81,000 ரூபாய். 25 வருடமும் சேர்த்துக் கூட்டினால் பராமரிப்புக் கட்டணம் மட்டும் 10 லட்சத்து 97 ஆயிரம் ரூபாய். சேரும்போது கொடுத்த தொகையைப் போல் இரண்டே முக்கால் மடங்கு. விடுதி வாடகையும் வருடந்தோறும் ஏறும் என்பது உண்மைதான். ஆனால் வாடகை ஏறினால் அந்த வருடம் போகாமல் இருந்துவிடலாம். பராமரிப்புக் கட்டணத்தை அப்படி நிறுத்த முடியாது.

இன்னொன்றும் உண்டு. பாயிண்ட் பட்டியல் மாறலாம். இன்று 25 பாயிண்ட் கேட்கும் இரவுக்கு ஐந்து வருடம் கழித்து 32 பாயிண்ட் கேட்டால், நம் கையிலுள்ள 100 பாயிண்ட் அப்படியே இருந்தும் மதிப்பு இறங்கிவிடுகிறது. படி அளவைச் சிறிதாக்குவது போன்றது இது. டிஸ்னி திட்டத்தில் ஓர் அறையின் வருட மொத்தப் பாயிண்டைக் கூட்ட முடியாது. ஒரு பருவத்தில் ஏற்றினால் மற்றொரு பருவத்தில் இறக்க வேண்டும். அப்படியொரு கட்டுப்பாடு உங்கள் ஒப்பந்தத்தில் இருக்கிறதா என்று கேளுங்கள். வாய்ச்சொல் வேண்டாம், எந்தப் பக்கத்தில் இருக்கிறது என்று காட்டச் சொல்லுங்கள்.

தேங்கிய சரக்கு

பாயிண்டும் சரக்குதான், அதற்கும் காலாவதி உண்டு. பயன்படுத்தாத பாயிண்டை அடுத்த வருடத்துக்குக் கொண்டுபோக இடமுண்டா, எத்தனை வருடத்துக்கு, அடுத்த வருடத்துப் பாயிண்டை முன்கூட்டி எடுக்கலாமா என்பதெல்லாம் ஒப்பந்தத்துக்கு ஒப்பந்தம் வேறுபடும். 100 பாயிண்டில் 60 மட்டும் பயன்பட்டு மீதி காலாவதியானால், பயன்பட்ட ஒரு பாயிண்டின் அடக்கம் 575 அல்ல, ஏறத்தாழ 958 ரூபாய்.

பலசரக்குக் கடைக்காரருக்கு இது தனியாக யோசிக்க வேண்டிய விஷயம். ஓணம், தீபாவளி, கிறிஸ்துமஸ், பொங்கல் காலங்களில் நாம் கடையை விட்டு நகர முடியாது. கூட்டமில்லாத பருவத்தில் பிள்ளைகளுக்குப் பள்ளிக்கூடம். மிஞ்சுவது மே மாதம். ஊரெல்லாம் மலைக்குக் கிளம்புவதும் அதே மாதம்தான். ஊட்டி, கொடைக்கானலில் வாகன நெரிசல் தாங்காமல், சென்னை உயர் நீதிமன்ற உத்தரவின்படி 2024 மே 7 முதல் இ-பாஸ் முறை கொண்டுவந்தார்கள் என்றால் கூட்டத்தைப் புரிந்துகொள்ளலாம். ஆகவே நம்மைப் போன்றவர்கள் குறைந்த பாயிண்ட் நாட்களை அனுபவிப்பது அரிது. நமக்குக் கிடைப்பது பெரும்பாலும் கூடுதல் பாயிண்ட் நாட்கள்தான்.

அந்த நாட்களிலும் அறை கிடைக்க வேண்டுமே! பேச்சிப்பாறைத் தண்ணீரில் எல்லா வயலுக்கும் முறை உண்டு. ஆனால் கடைமடைக்காரனுக்குத் தண்ணீர் வந்து சேர்ந்தால்தான் முறை. பல மாதம் முன்பே பதிவு செய்பவர்கள் நல்ல நாட்களை எடுத்துவிடுவார்கள். கடைசி வாரத்தில் "இந்த வாரம் கடையை மகன் பார்த்துக்கொள்வான், போகலாம்" என்று முடிவெடுக்கும் வியாபாரிக்கு அறை கிடைப்பது கடினம்.

கடைப் பேரில் வாங்கலாமா?

"கடைக் கணக்கில் வாங்குங்கள், வரி மிச்சம்" என்று சிலர் சொல்வார்கள். குடும்பத்தோடு உல்லாசப் பயணம் போவது சொந்தச் செலவு. அதை வியாபாரச் செலவாக வருமான வரிக் கணக்கில் கழிக்க முடியாது. ஜி.எஸ்.டி. சட்டத்தின் 17(5) பிரிவு கிளப் உறுப்பினர் கட்டணத்துக்கு உள்ளீட்டு வரி வரவு எடுப்பதைத் தடுத்திருக்கிறது. மேலும் கடைப் பேரில் வாங்கினால், நாளை வழக்கு வரும்போது "இவர் நுகர்வோர் அல்ல, வியாபார நோக்கத்தில் வாங்கியவர்" என்று எதிர்த்தரப்பு வாதிட இடம் கொடுத்ததாகும்.

பணம் திரும்ப வரும் என்றால்

அறையில் தங்காவிட்டால் கடைசியில் கூடுதல் தொகையாகத் திருப்பித் தருகிறோம் என்று யாராவது சொன்னால் உடனே எழுந்து வந்துவிடுங்கள். மும்பையைச் சேர்ந்த பான்கார்டு கிளப்ஸ் நிறுவனம் விடுதி இரவுகளை விற்பதாகச் சொல்லி, 50 லட்சத்துக்கும் மேற்பட்டவர்களிடம் பணம் திரட்டியது. இது விடுமுறைத் திட்டம் அல்ல, அனுமதியில்லாத கூட்டு முதலீட்டுத் திட்டம் என்று முடிவு செய்த செபி, 2016ல் 7,000 கோடி ரூபாய்க்கு மேல் திருப்பித் தர உத்தரவிட்டது. உத்தரவு வருவது வேறு, பணம் கைக்கு வருவது வேறு. சீட்டுக் கம்பெனிகளில் அடிபட்ட ஊர்க்காரர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை.

கையெழுத்துக்கு முன் கேட்க வேண்டியவை

1. பராமரிப்புக் கட்டணம் எவ்வளவு, வருடத்துக்கு எவ்வளவு வரை ஏற்றலாம் என்று வரம்பு உண்டா?

2. பாயிண்ட் பட்டியலை முழுதாகக் கொடுங்கள். அதை மாற்ற யாருக்கு அதிகாரம்?

3. பருவ நாட்களுக்கு எத்தனை மாதம் முன்பு பதிவு செய்ய வேண்டும்?

4. தவணையில் கட்டினால் வட்டியோடு மொத்தம் எவ்வளவு? சாப்பாடு, வெளியூர் மாற்றத்துக்கான கட்டணம் தனியா?

5. எத்தனை நாளுக்குள் ரத்து செய்யலாம்? ரத்து செய்தால் எவ்வளவு பிடித்தம்? பிள்ளைகள் பேருக்கு மாற்றலாமா?

ஐரோப்பிய நாடுகளில் காரணம் சொல்லாமலே 14 நாளுக்குள் விலகலாம் என்று 2009ல் விதி செய்தார்கள். நம் நாட்டில் டைம் ஷேருக்கென்று தனிச் சட்டம் இல்லை. ஒப்பந்தத்தில் என்ன எழுதியிருக்கிறதோ அதுதான் முதல் துணை. ஆகவே தாளை வீட்டுக்குக் கொண்டுவந்து படியுங்கள். "கொடுக்க மாட்டோம்" என்றால் அதிலேயே பதில் இருக்கிறது.

ஏற்கெனவே சேர்ந்து சிக்கலில் இருப்பவர்கள் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915ஐ அழைக்கலாம். 2019ம் வருட நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தின்படி, நிறுவனம் சென்னையில் இருந்தாலும் மும்பையில் இருந்தாலும் நாம் குடியிருக்கும் மாவட்டத்திலேயே, அதாவது நாகர்கோவில் நுகர்வோர் ஆணையத்திலேயே புகார் செய்யலாம். கொடுத்த தொகை 5 லட்சம் ரூபாய் வரை என்றால் மனுவுக்குக் கட்டணம் இல்லை. பிரச்சினை எழுந்த நாளிலிருந்து 2 வருடத்துக்குள் செய்ய வேண்டும். ரசீதுகளையும், அறை கேட்டு இல்லை என்று வந்த பதில்களையும் பத்திரப்படுத்துங்கள்.

யாருக்கு இது கட்டும்?

வருடந்தவறாமல் போகிறவர், பல மாதம் முன்பே நாள் குறிக்கக் கூடியவர், பெரிய அறை தேவைப்படும் குடும்பஸ்தர், கையில் ஒதுக்குப் பணம் உள்ளவர் ஆகியோருக்கு இத்திட்டம் கட்டுபடியாகலாம். தேவைப்படும் பாயிண்டை அடக்க விலையால் பெருக்குங்கள். அதே நாளில் அதே தர அறைக்கு விடுதிக்காரர் கேட்கும் வாடகையை போனில் விசாரியுங்கள். வாடகை கூடுதலாக இருந்தால் யோசிக்கலாம். குறைவாக இருந்தால், வேண்டியபோது வாடகை கொடுத்துப் போய்வருவதே லாபம். இரண்டு வருடத்துக்கு ஒரு முறை கடையை அடைப்பவர், கொள்முதல் பணத்தை எடுத்து இதில் போடுவது உசிதமல்ல.

குடும்பத்தோடு நாலு நாள் வெளியே போய்வர வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. வருடம் முழுக்க கல்லாவில் உட்கார்ந்திருப்பவருக்கு அது அவசியம். கடை வீட்டுக்காரிக்கும் பிள்ளைகளுக்கும் அதைவிட அவசியம். அதற்கான தொகையை மாதம் 3,000 ரூபாய் வீதம் வங்கியில் தனியாகப் போட்டு வந்தால் வருட முடிவில் 36,000 ரூபாயும் வட்டியும் கையில் இருக்கும். போக முடியாத வருடத்தில் அது காலாவதியாகாது.