ஓரத்துக்கும் ஓரம்: நடைபாதை, வேகம், சட்டம்

நம்மில் பெரும்பாலோர் குழந்தையாக இருக்கும்போது தெருவைப் பற்றிக் கேட்ட முதல் கட்டளை 'ஓரமாப் போ' என்பதுதான். அன்பில் சொல்லப்படுகிற கட்டளை. ஆனால் அந்த அன்புக்குள் ஒரு நிலவரைபடம் ஒளிந்திருக்கிறது. தெருவுக்கு ஒரு நடு உண்டு, அது நமக்குரியது அல்ல, நமக்குரியது விளிம்பு. எழுத்து கற்பதற்கு முன்பே நாம் இதைக் கற்றுவிடுகிறோம். சென்னைப் பேச்சில் நடைபாதைக்குப் பெயர் பிளாட்பாரம். 'கடைசியில பிளாட்பாரத்துக்கு வந்துட்டான்' என்றால் எல்லாவற்றையும் இழந்துவிட்டான் என்று பொருள். நடப்பதற்கான இடம் நம் மொழியில் வீழ்ச்சிக்கான இடமாகவும் இருக்கிறது.

சில மாதங்களுக்கு முன் சென்னையில் ஒரு மாலை நேரம். நடைபாதையில் போய்க்கொண்டிருந்தேன். பின்னாலிருந்து, தோளுக்கு மிக அருகில் ஒரு குரல்: "சார், கொஞ்சம் ஓரமா." திரும்பினால் இருபது வயதுப் பையன், முதுகில் சதுரப் பை, கீழே மின்சார ஸ்கூட்டர். வண்டி வந்த சத்தமே கேட்கவில்லை. ஓரம் எங்கே என்று பார்த்தேன். ஒரு பக்கம் மின்சார வாரியப் பெட்டி, இன்னொரு பக்கம் அரையடிப் பள்ளத்தில் சாலை. பெட்டியோடு ஒட்டிக்கொண்டு நின்றேன். அதோடு விட்டேனா, 'சாரி' என்றும் சொன்னேன். எனக்கென்று விதிக்கப்பட்ட ஓரத்தில் நடந்துகொண்டிருந்தவன், அதற்கும் ஓரமாக ஒதுங்கி, அதற்காக மன்னிப்பும் கேட்டிருக்கிறேன். இந்த 'சாரி'யைப் பற்றித்தான் யோசிக்க வேண்டியிருக்கிறது.

இந்த இடத்தில் இரண்டு கட்டுரைகள் சுலபமாக எழுதலாம். ஒன்று, நாகரிகமற்ற டெலிவரிப் பையன்களைப் பற்றிய நடுத்தர வர்க்கப் புலம்பல். மற்றது, உழைப்பாளியைக் குறை சொல்லாதே என்கிற நம் பக்கத்துப் பதில். இரண்டிலும் நடப்பவரின் உடல் காணாமல் போய்விடுகிறது. முதலில் அந்த உடலிலிருந்து தொடங்குவோம்.

மனிதர் நடக்கும் வேகம் மணிக்கு ஏறக்குறைய 5 கிலோமீட்டர், அதாவது நொடிக்கு ஒன்றரை மீட்டருக்குச் சற்றுக் குறைவு. 25 கிலோமீட்டர் வேகத்தில் வரும் ஸ்கூட்டர் நொடிக்கு ஏறக்குறைய 7 மீட்டர் கடக்கிறது. முன்னால் போகிறவர் ஒரு கடையைப் பார்த்துத் திரும்புகிறார் என்று வைத்துக்கொள்வோம். ஓட்டுபவர் அதைக் கவனித்து பிரேக்கைத் தொட ஒரு நொடி எடுத்தால், அதற்குள் ஏழு மீட்டர் போய்விட்டது. மோதும் ஆற்றல் வேகத்தின் வர்க்கத்தில் ஏறுகிறது. 10 கிலோமீட்டர் வேகத்தோடு ஒப்பிட்டால் 25 கிலோமீட்டர் என்பது இரண்டரை மடங்குதான், ஆனால் ஆற்றல் ஆறேகால் மடங்கு. வண்டியும் ஆளும் சேர்ந்து 90 கிலோ என்று வைத்துக் கணக்குப் போட்டுப் பார்க்கலாம். எழுபது வயதுப் பாட்டியின் இடுப்பெலும்புக்கு இந்தக் கணக்கு உடனே புரிந்துவிடும்.

இன்னொன்று சத்தம். பார்வையற்ற ஒருவருக்கு தெரு என்பது பெரும்பாலும் ஒலியால் ஆன பிரதி. பெட்ரோல் எஞ்சினின் இரைச்சலை நாம் மாசு என்கிறோம், அவருக்கு அது தகவல். கார்கள் மின்சாரத்துக்கு மாறியபோது இந்தப் பிரச்சினை உணரப்பட்டது. ஐரோப்பிய ஒன்றியத்தில் 2021 ஜூலை முதல் விற்கப்படும் புதிய மின்சாரக் கார்கள் குறைந்த வேகத்தில் செயற்கையாக ஒலி எழுப்பியாக வேண்டும். இதற்கான ஐக்கிய நாடுகள் விதிமுறை நான்கு சக்கர வாகனங்களை மனதில் வைத்து எழுதப்பட்டது. நடைபாதையில் நம் தோளுரசி வருகிற இரண்டு சக்கரம் அதில் இல்லை. வாடகை ஸ்கூட்டர்கள் நகரங்களில் பரவியபோது ஓடும் வண்டியைவிட நிற்கும் வண்டியே பார்வையற்றோருக்கும் சக்கர நாற்காலியில் செல்வோருக்கும் பெரிய தொல்லையானது. நேற்று இல்லாத இடத்தில் இன்று கிடக்கிறது.

இதெல்லாம் புதிய பிரச்சினை அல்ல. இங்கிலாந்தில் 1835ஆம் ஆண்டின் நெடுஞ்சாலைச் சட்டம் சாலையோர நடைபாதையில் குதிரை, கழுதை, பன்றி, வண்டி எதையும் ஓட்டக் கூடாது என்றது. சைக்கிள் வந்தபோது, அது வண்டியா இல்லையா என்ற கேள்வி எழுந்தது. 1888இல் ஒரு சட்டம் சைக்கிளும் வண்டியே என்று அறிவித்தது. இன்றைக்கும் அங்கே நடைபாதையில் மின்ஸ்கூட்டர் ஓட்டுவதைத் தடுப்பதில் அந்த 1835ஆம் ஆண்டுச் சட்டத்துக்குப் பங்கிருக்கிறது. கழுதைக்கு எழுதிய வரி லித்தியம் பேட்டரிக்கும் பொருந்துகிறது. சிரிக்கலாம், ஆனால் அந்த வரி ஒரு விஷயத்தைத் தெளிவாகப் பிடித்திருக்கிறது. காலால் நடக்கிறவருக்கு ஒரு வெளி உண்டு, அதற்குள் வேறெதுவும் வர முடியாது என்று அது எல்லை போடுகிறது.

அமெரிக்காவில் நடந்தது இதன் மறுபக்கம். இருபதாம் நூற்றாண்டின் தொடக்கம் வரை அங்கே தெருவின் நடு எல்லோருக்கும் உரியதாக இருந்தது. கார்கள் ஆட்களைக் கொல்லத் தொடங்கியபோது குற்றவாளி யார் என்ற கேள்வி வந்தது. கார்த் தொழிலும் அதன் சங்கங்களும் 'ஜேவாக்கர்' என்ற வசைச்சொல்லைப் பரப்பின. 'ஜே' என்றால் நகரத்தில் நடக்கத் தெரியாத பட்டிக்காட்டான். 1925இல் லாஸ் ஏஞ்சல்ஸ் நகரம் பாதசாரிகளைக் கட்டுப்படுத்தும் விதிகளைக் கொண்டுவந்தது, பிற நகரங்கள் பின்பற்றின. அதுவரை நடப்பது நடப்பதாக இருந்தது. அதற்குப் பிறகு நடப்பது 'குறுக்கே வருவது' ஆயிற்று. ஒரு சொல்லாடல் உடலின் சாதாரண அசைவைக் குற்றமாக மாற்றிய கதை இது. மிஷெல் த செர்த்தோ 1980இல் நடப்பதைப் பேச்சோடு ஒப்பிட்டு எழுதினார். நகரம் மொழி என்றால் நடப்பவர் அதைப் பேசுபவர். அழகான ஒப்புமை. ஆனால் பேச்சை இடைமறிக்கிறவர்களைப் பற்றி அவர் அவ்வளவாகக் கவலைப்படவில்லை என்றுதான் எனக்குப் படுகிறது.

சரி, சிங்கப்பூருக்கு வருவோம். இந்த முரண்பாடு அதன் எல்லா முகங்களோடும் வெளிப்பட்ட இடம் அதுதான். அங்கே 2018 மே மாதம் அமலுக்கு வந்த சட்டம் மின்ஸ்கூட்டர் போன்ற தனிநபர் நடமாட்டச் சாதனங்களுக்கு நடைபாதையிலேயே இடம் கொடுத்தது. எடை 20 கிலோவுக்கு மேல் கூடாது, நடைபாதையில் வேகம் 15 கிலோமீட்டர். 2019 பிப்ரவரியில் அது 10 ஆகக் குறைக்கப்பட்டது. சாலையிலோ இவற்றுக்கு அனுமதியே இல்லை. இதைக் கவனிக்க வேண்டும். கார்களின் வெளி தொடப்படவில்லை, புதிய வண்டி நடப்பவர்களின் வெளிக்குள் அனுப்பப்பட்டது.

2019 செப்டம்பரில் பிடோக் பகுதியில் மின்ஸ்கூட்டர் மோதி 65 வயதுப் பெண்மணி ஒருவர் இறந்தார். அவர் சைக்கிளில் வந்தவர். ஏற்கெனவே கனன்றுகொண்டிருந்த கோபம் வெடித்தது. நவம்பர் 4 அன்று நாடாளுமன்றத்தில் அறிவிப்பு வந்தது, மறுநாள் 5ஆம் தேதி முதல் எல்லா நடைபாதைகளிலும் மின்ஸ்கூட்டருக்குத் தடை. ஆண்டு இறுதி வரை எச்சரிக்கை, 2020 ஜனவரி 1 முதல் 2,000 வெள்ளி வரை அபராதம், மூன்று மாதம் வரை சிறை, அல்லது இரண்டும். அப்போது அங்கிருந்த நடைபாதைகளின் நீளம் 5,500 கிலோமீட்டர். ஓட்ட அனுமதிக்கப்பட்ட சைக்கிள் பாதைகள் 440 கிலோமீட்டர். முந்தைய நாள் வரை இருந்த வெளியில் பதின்மூன்றில் ஒரு பங்குக்கும் குறைவாக ஒரே இரவில் சுருங்கிவிட்டது.

யாருக்குச் சுருங்கியது? மின்ஸ்கூட்டரில் உணவு கொண்டுபோய்ப் பிழைத்துக்கொண்டிருந்தவர்கள் சுமார் 7,000 பேர். எங்கும் பணிநியமனக் கடிதம் இல்லாதவர்கள், ஓட்டத்துக்கு இவ்வளவு என்று கூலி வாங்கியவர்கள். ஆர்ப்பாட்டங்களுக்கு மிகக் குறைந்த இடமே உள்ள அந்த நாட்டில், அவர்கள் நாடாளுமன்ற உறுப்பினர்கள் தொகுதி மக்களைச் சந்திக்கும் கூட்டங்களுக்குத் திரளாகப் போய் முறையிட்டார்கள். தடையை நீக்கக் கோரிய இணைய மனுவில் லட்சக்கணக்கானோர் ஒப்பமிட்டார்கள். அரசும் மூன்று உணவு நிறுவனங்களும் சேர்ந்து 70 லட்சம் வெள்ளி ஒதுக்கின. ஸ்கூட்டரைக் கொடுத்துவிட்டு சைக்கிளுக்கோ மின்சைக்கிளுக்கோ மாற ஒருவருக்கு 1,000 வெள்ளி வரை. தடை மட்டும் நின்றது. மின்சைக்கிளுக்கும் நடைபாதையில் அனுமதி கிடையாது. ஆக, மாறியவர்களில் பலர் லாரியும் பேருந்தும் ஓடுகிற சாலைக்கு இறங்கினார்கள். நடைபாதையிலிருந்த ஆபத்து ஒழிந்தது என்பதைவிட, ஒரு உடலிலிருந்து இன்னொரு உடலுக்கு இடம் மாறியது என்பதே சரி.

அப்படியானால் தடை தவறா? இங்கேதான் எனக்கு நம் தோழர்களோடு பிணக்கு. தவறு என்று என்னால் சொல்ல முடியவில்லை. அந்த நடைபாதைகளில் நடந்த வயதானவர்களும், பள்ளிப் பிள்ளைகளும், வீட்டு வேலைக்குப் போகிற பெண்களும் உழைக்கும் மக்கள்தான். உழைப்பாளி என்றதும் சக்கரத்தின் மேல் இருக்கிற ஆண் மட்டும் நம் கண்ணில் படுகிறான் என்றால் கோளாறு நம் கண்ணில். 2025 ஜூலை முதல் அங்கே சைக்கிள் பாதையும் நடைபாதையும் அருகருகே இருக்கிற இடங்களில் சைக்கிளும் நடைபாதைக்கு வரக் கூடாது என்றாகிவிட்டது. அதே 2025 ஜனவரியில் செயலி வழி வேலை செய்பவர்களுக்கு விபத்து இழப்பீட்டை உறுதிசெய்யும் சட்டம் அமலுக்கு வந்தது. முதலில் வந்திருக்க வேண்டியது, தடைக்கு ஐந்து வருடம் கழித்து வந்தது. தடை அல்ல, இந்த வரிசைதான் தவறு.

பாரீஸில் பிரச்சினை வேறு. அங்கே 2018இல் வந்த வாடகை ஸ்கூட்டர்கள் ஏறக்குறைய 15,000. 2023 ஏப்ரல் 2 அன்று நகராட்சி மக்களிடமே கேட்டது. வாக்களித்தவர்களில் 89 சதவிகிதம் பேர் வேண்டாம் என்றார்கள். வாக்களிக்க வந்ததோ பட்டியலில் 8 சதவிகிதத்துக்கும் குறைவு. செப்டம்பருக்குள் வாடகை வண்டிகள் போய்விட்டன, சொந்த ஸ்கூட்டர்கள் இருக்கின்றன. இதை மக்களாட்சியின் வெற்றி என்று கொண்டாடுகிறவர்கள் அந்த இரண்டாவது எண்ணையும் சேர்த்துப் படிக்கட்டும்.

நம் ஊரில் சட்டம் இன்னும் விசித்திரமானது. மத்திய மோட்டார் வாகன விதிகளின்படி 0.25 கிலோவாட்டுக்குக் குறைந்த மோட்டாரும் 25 கிலோமீட்டருக்குக் குறைந்த வேகமும் கொண்ட மின்சார இருசக்கர வண்டி 'மோட்டார் வாகனமே அல்ல'. எடைக்கும் வரம்பு உண்டு. உரிமம் வேண்டாம், பதிவு வேண்டாம், நம்பர் பிளேட் வேண்டாம். பள்ளி மாணவர்களுக்கும், உரிமம் எடுக்க வழியில்லாதவர்களுக்கும், ஊர் விட்டு வந்த தொழிலாளிகளுக்கும் இது ஒரு வாசல். ஆனால் மோதிவிட்டுப் போனால் அடையாளம் காண எண் இல்லை, இழப்பீடு தர காப்பீடு இல்லை. மோட்டார் உண்டு, ஓடவும் செய்கிறது, ஆனால் மோட்டார் வாகனம் அல்ல. ஒரு பொருளைப் பெயரிலிருந்து விலக்குவதன் மூலம் பொறுப்பிலிருந்தே விலக்கிவிடுகிற இந்த மொழி விளையாட்டை இலக்கணக்காரர்கள் பொறாமையோடு பார்க்கலாம்.

அதேசமயம் அளவு தெரிந்து பேச வேண்டும். 2022இல் இந்தியச் சாலைகளில் இறந்த பாதசாரிகள் 32,825 பேர், மொத்த மரணங்களில் ஐந்தில் ஒரு பங்குக்குச் சற்றுக் குறைவு என்கிறது மத்திய அரசின் அறிக்கை. இவர்களைக் கொன்றது பெரும்பாலும் நடைபாதையில் ஏறிய மின்ஸ்கூட்டர் அல்ல. நடைபாதை இல்லாததால், அல்லது இருந்தும் நடக்க முடியாததால், சாலையில் இறங்கி நடந்தவர்கள் இதில் எத்தனை பேரோ. 2025 மே மாதம் உச்ச நீதிமன்றம் நடைபாதையைப் பயன்படுத்தும் உரிமை அரசியல் சட்டத்தின் 21ஆம் பிரிவு தரும் வாழ்வுரிமையின் பகுதி என்றது. 1985இல் இதே நீதிமன்றம், பம்பாய் நடைபாதைவாசிகள் வழக்கில், பிழைப்புரிமையும் அதே 21ஆம் பிரிவுக்குள் அடங்கும் என்று சொல்லி, நடைபாதை நடப்பதற்கே என்று அவர்களை அகற்றவும் அனுமதித்தது. இன்றைய தீர்ப்பைக் காட்டி முதலில் யாரை அகற்றுவார்கள் என்பதை நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. பூக்காரம்மா போவார், இட்லிக் கடை போகும். காரும் பைக்கும் நிற்கும்.

அந்த மாலைக்குத் திரும்புகிறேன். அந்தப் பையன் ஏன் மேலே ஏறினான்? நடைபாதையை ஒட்டிச் சாலையோரத்தில் வரிசையாகக் கார்கள் நின்றன. எண்ணிப் பார்த்தேன், பதினொன்று. ஒன்றிலும் ஆள் இல்லை. சைக்கிளோ மின்வண்டியோ மெதுவாகப் போகக்கூடிய ஓரம் அதுதான். அவன் ஓரத்தை நிற்கிற கார் எடுத்துக்கொண்டது, என் ஓரத்தை அவன் எடுத்துக்கொண்டான். அவன் கையிலிருந்த செல்போனில் நிமிடங்கள் குறைந்துகொண்டிருந்தன. அந்த நேரத்தை நிர்ணயித்தவர் அந்தத் தெருவில் எங்கும் இல்லை.

எனவே கோரிக்கையை எங்கே வைப்பது என்பது முக்கியம். நடைபாதையில் எந்த மோட்டாரும் ஏறக் கூடாது என்பதைத் தயங்காமல் கேட்போம், அதில் சமரசம் வேண்டாம். இந்திய சாலைக் காங்கிரஸின் 2012 வழிகாட்டுதல் சொல்கிற 1.8 மீட்டர் தடையற்ற அகலத்தை ஒரு டேப்பை எடுத்துக்கொண்டு போய் அளக்கலாம். கூடவே கார் நிற்கிற அந்த ஓரத்தை மெதுவண்டிகளுக்குத் திருப்பிக் கேட்க வேண்டும். மோதலுக்கான இழப்பீட்டை, வண்டி எண் இருந்தாலும் இல்லாவிட்டாலும், ஓட்டத்தை ஒதுக்குகிற நிறுவனத்தின் தலையில் வைக்க வேண்டும். மாற்றுத்திறனாளிகள் சங்கமும் டெலிவரித் தொழிலாளர் சங்கமும் இந்த விஷயத்தில் ஒரே மேசையில் உட்கார்ந்து நான் பார்த்ததில்லை. எங்கள் பகுதியில் இரு தரப்பிலும் சிலரிடம் பேசிப் பார்த்தேன். இரண்டு பக்கமும் முதலில் கேட்ட கேள்வி ஒன்றுதான்: "அவங்க ஒத்துக்குவாங்களா?"