கண்மாய் வற்றும் காலம்: மீனோடு பார்த்து வரவேண்டியவை

சம்பா அறுவடை முடிந்து, வைக்கோல் போர் ஏறி, களத்து நெல் வீடு வந்து சேர்ந்துவிட்டால் புதுக்கோட்டை மாவட்டத்துச் சிறு விவசாயிக்குக் கொஞ்சம் ஓய்வு கிடைக்கிறது. மாசியில் திருவப்பூர் மாரியம்மன் கோயில் பூச்சொரிதல், பங்குனியில் நார்த்தாமலை முத்துமாரியம்மன் கோயில் தேர், அதே மாதத்தில் கொன்னையூர்த் திருவிழா என்று குடும்பத்தோடு புறப்படுவதற்குக் காரணங்கள் பல. இளைஞர்களுக்கு மஞ்சுவிரட்டு இருக்கிறது. ஆனால் போகும்போது வெறுங்கூடையோடு போய், வரும்போது குழம்புக்கு மீனோடு வருகிற பயணம் ஒன்று உண்டு. அதுதான் கண்மாய் மீன்பிடித் திருவிழா.

பொன்னமராவதி, திருமயம், இலுப்பூர், அன்னவாசல், விராலிமலை வட்டாரங்களில் மாசி முதல் வைகாசி வரை ஏதாவது ஓர் ஊரில் இது நடந்துகொண்டே இருக்கும். வெளியூர்க்காரர்களுக்கு இது வேடிக்கை. ஆயக்கட்டு விவசாயிக்கோ, தன் கண்மாயின் வயிற்றுக்குள் இறங்கி நடக்க ஆண்டுக்கு ஒருமுறை கிடைக்கும் நாள். மற்ற நாட்களில் கரைமேல் நின்று தண்ணீரைப் பார்க்கிறோம். அன்றுதான் தரையைப் பார்க்கிறோம்.

இந்த மாவட்டத்தில் ஆண்டு முழுதும் ஓடும் ஆறு கிடையாது. வெள்ளாறு, அக்கினியாறு, அம்புலியாறு, பாம்பாறு எல்லாம் மழைக்கு ஓடி வெயிலுக்கு நிற்பவை. கிழக்கே ஒரு பகுதிக்குக் கல்லணைக் கால்வாய்த் தண்ணீர் வருகிறது. ஆலங்குடி, வடகாடு பக்கத்துச் செம்மண் நிலத்தில் ஆழ்குழாய்க் கிணற்றை நம்பிப் பலாவும் வாழையும் பூவும் விளைகின்றன. மற்ற இடங்களில் பிழைப்பு கண்மாயில்தான். 5,000க்கு மேற்பட்ட கண்மாய்களும் குளங்களும் உள்ள மாவட்டம் இது. ஐப்பசி, கார்த்திகையில் நிறைந்து, பங்குனியில் முழங்கால் தண்ணீராகி, சித்திரையில் வெடித்த தரையாவது அவற்றின் வழக்கம்.

தேதி குறிப்பதில்தான் முதல் சிக்கல். மீன் குத்தகை எடுத்தவருக்குத் தண்ணீர் சீக்கிரம் குறைந்தால் நல்லது. கடைமடைக்காரருக்குத் தண்ணீர் இன்னும் பதினைந்து நாள் நின்றால் நல்லது. சில ஊர்களில் மீனுக்காக மடையைத் திறந்து விடுவதும், இன்ஜின் வைத்து இறைப்பதும் நடக்கிறது. இது கூடாது. கண்மாயில் நிற்கும் தண்ணீர் வயலுக்குப் பாய்வதோடு முடிந்துபோவதில்லை. கரைக்குக் கீழே உள்ள கிணறுகளுக்கு ஊற்றாக இறங்கிக்கொண்டே இருக்கிறது. நெல்லுக்குப்பின் உளுந்தோ கடலையோ போட்டவர் கிணற்றில் எவ்வளவு தண்ணீர் நிற்கிறது என்று பார்த்துவிட்டுத்தான் ஊர்க்கூட்டத்தில் தேதி பேச வேண்டும். சந்தையில் மீன் விலை ஏறியிருக்கிறது என்பது ஒரு காரணமாகாது. கண்மாயின் ஆழமான பள்ளத்தில் மாடு குடிக்கத் தண்ணீர் விட்டுவைப்பது பழைய வழக்கம். அதையும் கலக்கி வற்றவிட்டால் சித்திரை வெயிலில் மாட்டை எங்கே ஓட்டுவது?

தேதி முடிவானதும் முன்பெல்லாம் தமுக்கு அடித்துச் சொல்வார்கள். இப்போது கைப்பேசியில் செய்தி பரவி, திருச்சி, சிவகங்கை மாவட்டங்களிலிருந்தும் ஆட்கள் வந்துவிடுகிறார்கள். விடியற்காலையிலேயே கரை நிறைந்துவிடும். ஊர்த்தெய்வத்தைக் கும்பிட்டபின் ஊர்ப் பெரியவர் கரையில் நின்று வெள்ளைத் துண்டை வீசுவார். அதுவரை ஒருவரும் தண்ணீரில் கால் வைக்கக்கூடாது. துண்டு அசைந்தால் போதும், நூற்றுக்கணக்கான பேர் ஒரே நேரத்தில் இறங்குவார்கள். சாதி, ஊர், சம்பந்தி என்ற கணக்கெல்லாம் சற்று நேரம் சேற்றில் கரைந்துபோகும். சில ஊர்களில் ஊத்தாவுக்கு இவ்வளவு என்று சிறு கட்டணம் வாங்கிக் கோயில் செலவில் சேர்க்கிறார்கள்.

ஊத்தா கட்டும் கை

ஊத்தா என்பது அடியும் முடியும் திறந்த கூடை. மூங்கில் குச்சிகளை வரிசையாக நிறுத்திக் கயிற்றால் பின்னியிருப்பார்கள். கீழ்வாய் அகலம், மேல்வாய் கை நுழையும் அளவு. கலங்கிய தண்ணீரில் சட்டென்று கவிழ்த்து அழுத்த வேண்டும். உள்ளே மீன் இருந்தால் பக்கத்தில் மோதும். அந்த அதிர்வு கையில் தெரியும். மேல்வாய் வழியாகக் கையை விட்டுப் பிடித்துக்கொள்ளலாம். வலை இல்லாதவனும் மீன் பிடிக்கும் கருவி இது.

நல்ல ஊத்தாவுக்குக் குச்சிகள் ஒரே கனமாக இருக்க வேண்டும். இடைவெளி கெண்டைக்குஞ்சு தப்பும் அளவுக்கு இருக்கலாம், விரால் தப்பும் அளவுக்கு இருக்கக்கூடாது. வயல் வேலை குறைந்த மாசி மாதத்துப் பிற்பகலில் திண்ணையில் உட்கார்ந்து ஊத்தா கட்டும் பெரியவர்களை இன்றும் பார்க்கலாம். விற்பதற்காக அல்ல, பேரனுக்காகவும் பக்கத்து வீட்டுக்காகவும் கட்டுகிறார்கள். கச்சா வலைக்குச் சட்டம் கட்டுவது, பழைய வலையைக் கோத்துச் சரிசெய்வது எல்லாம் அதே கையின் பொழுதுபோக்கு. நைலான் வலை மலிந்துவிட்ட காலத்திலும் பல ஊர்களில் முதல் சுற்றில் ஊத்தாவுக்குத்தான் முதலிடம். சிறு கண் வலையை முதலிலேயே வீசினால் குஞ்சு குருமான் எதுவும் மிஞ்சாது என்பது அதற்குக் காரணம்.

ஆட்கள் வரிசையாக நடந்து கலக்கக் கலக்கத் தண்ணீர் சேறாகும். மீனுக்கு மூச்சுத் திணறி மேலே வரும். கெண்டை வகைகள்தான் முதலில் தலை காட்டும். விராலும் குறவையும் அப்படியல்ல. அவை காற்றையே நேராகச் சுவாசிக்கக் கூடியவை. ஆகவே கலங்கலுக்கு அஞ்சாமல் அடியில் பதுங்கும். கண்மாய் வற்றினாலும் ஈரச் சேற்றில் புதைந்து மழைவரை தாக்குப்பிடிக்கும். புதுத்தண்ணீர் வந்ததும் இனம் பெருக்கும். சிவந்த குஞ்சுகள் கூட்டமாக மேலே திரிய, கீழே தாயும் தகப்பனும் காவல் நிற்பதை மழைக்காலத்தில் வாய்க்கால் ஓரத்தில் காணலாம். அந்த நேரத்தில் காவல் மீனைத் தூண்டிலில் பிடித்தால் குஞ்சுக் கூட்டம் முழுதும் மற்ற மீனுக்கு இரையாகும். பங்குனியில் விரால் குறைந்துவிட்டது என்று வருந்துகிற ஊர்கள், ஐப்பசியில் யார் தூண்டில் போட்டார்கள் என்பதையும் யோசித்துப் பார்க்கலாம்.

கட்லா, ரோகு, மிர்கால் தாமாகப் பெருகும் என்று எதிர்பார்க்கக்கூடாது. அவை ஓடும் ஆற்றில் முட்டையிடுபவை. கண்மாயில் நின்ற தண்ணீரில் இடுவதில்லை. 1957ஆம் ஆண்டு ஜூலை 10 அன்று ஒடிசாவிலுள்ள கட்டாக்கில் டாக்டர் ஹிராலால் சௌத்ரி, ஊசி மூலம் இவ்வகை மீன்களை முட்டையிட வைத்துக் காட்டினார். அதனால்தான் இன்று மீன்பண்ணைகளில் குஞ்சுகள் விலைக்குக் கிடைக்கின்றன. அந்த நாளே ஆண்டுதோறும் தேசிய மீன் விவசாயிகள் தினமாகக் கொண்டாடப்படுகிறது. நம் கண்மாய்களில் தண்ணீர் நிற்பதோ நாலைந்து மாதம். ஆகவே பொடிக்குஞ்சு வாங்கி விடுவது வீண். கார்த்திகைக்குள் விரல் நீளக் குஞ்சாக விட்டால் பங்குனிக்குள் சமையலுக்கு ஆகும் அளவு தேறும். அதற்குச் சிறியதை விராலே தின்றுவிடும். கலிங்கில் மீன் தப்பாமல் வலை கட்டுவோர் பெருமழையில் அதை அவிழ்த்துவிட வேண்டும். செத்தை அடைத்துக்கொண்டு தண்ணீர் கரையேறினால் மீனோடு கரையும் போய்விடும்.

ஜிலேபி கெண்டை நம் மீன் அல்ல. 1952இல் இந்தியாவுக்கு வந்தது. தாய் மீன் முட்டையையும் குஞ்சையும் வாயிலேயே வைத்துக் காப்பதால் எந்தக் குட்டையிலும் பெருகிவிடுகிறது. அது கூடக் குழம்புக்கு ஆகும். ஆனால் ஆப்பிரிக்கக் கெளுத்தி என்ற தேளி மீனை எவரும் கண்மாயில் விடக்கூடாது. அதை வளர்ப்பதற்கே தடை இருக்கிறது. மற்ற மீன்களையெல்லாம் தின்று தீர்த்துவிடும்.

காலடியில் தெரியும் கணக்கு

மீன் பிடிக்க நடக்கும்போது காலைக் கவனித்தால் கண்மாயின் நிலை முழுதும் தெரியும். எங்கே கணுக்கால் புதைகிறது, எங்கே தொடைவரை இறங்குகிறது, மடைக்கு முன்னால் மண் எவ்வளவு மேடிட்டிருக்கிறது, சீமைக்கருவேல் எந்த மூலையில் ஏறி வருகிறது என்பதையெல்லாம் அன்றே மனதில் குறித்துக்கொள்ள வேண்டும். மழைக்காலத்தில் மடை அடைத்துக்கொண்டது என்று புகார் எழுதுவதைவிடப் பங்குனியில் கண்ணால் பார்த்துவிட்டு மனுக் கொடுப்பது பயன் தரும். 100 ஏக்கருக்கு மேல் ஆயக்கட்டு உள்ள கண்மாய்கள் நீர்வளத் துறையின் பொறுப்பு. அதற்குக் குறைந்தவை ஊராட்சி ஒன்றியத்தின் பொறுப்பு. எங்கே போக வேண்டும் என்று தெரியாமலே பல மனுக்கள் அலைகின்றன.

பழைய கண்மாய்களில் கரையிலிருந்து சற்று உள்ளே இரண்டு கல்தூண்கள் நிற்பதைக் காணலாம். குமிழித் தூம்பு என்பது அதன் பெயர். தூண்களுக்குக் கீழே கல்தொட்டி. அதில் இரண்டு வகைத் துளைகள். மேலே உள்ளது நீரோடி. அடியில் உள்ளது சேறோடி. பாசனத்துக்கு நீரோடி வழியாகத் தெளிந்த தண்ணீர் போகும். சேறோடி வழியாகத் தூம்பைச் சுற்றிப் படியும் வண்டல் தண்ணீரோடு வயலுக்குப் போகும். தூர்வாரும் வேலையில் ஒரு பங்கைத் தண்ணீரையே செய்யவைத்த முறை இது. ஆயிரம் ஆண்டுப் பழமையுள்ள தூம்புகளும் இம்மாவட்டத்தில் உண்டு. சில தூண்களில் அதைச் செய்து கொடுத்தவரின் பெயர் கல்வெட்டாக இருக்கிறது. கோடையில் கண்மாய் கண்மாயாக நடந்து இந்த எழுத்துகளைத் தேடிப் படிப்பதையே பொழுதுபோக்காகக் கொண்ட ஆசிரியர்களும் இளைஞர்களும் மாவட்டத்தில் இருக்கிறார்கள். உங்கள் ஊர்த் தூணில் எழுத்துத் தெரிந்தால் அதில் சுண்ணாம்பு பூசாமல், ஊத்தா கட்டிக் காயப்போடாமல், படிக்கத் தெரிந்தவருக்குச் சொல்லி அனுப்பலாம்.

அன்னவாசல் பக்கம் மீன்பிடிக்கப் போகிறவர்கள் சித்தன்னவாசலையும் பார்த்துவிட்டு வரலாம். அங்குள்ள சமணக் குடைவரையின் விதானத்தில் 9ஆம் நூற்றாண்டில் ஒரு தாமரைக் குளத்தை வரைந்திருக்கிறார்கள். மீனும், நீர்ப்பறவையும், தண்ணீரில் இறங்கிய எருமையும் யானையும், பூப்பறிக்கும் மனிதரும் அதில் உண்டு. வண்ணம் பல இடங்களில் உதிர்ந்துவிட்டது. என்றாலும் கண்மாய்க்காரன் கண்ணுக்கு அது பழகிய காட்சிதான்.

மீன்பிடிப்பு முடிந்து தரை காய்ந்ததும் வண்டல் அள்ளும் காலம். செம்மண்ணுக்கும் சரளை நிலத்துக்கும் கண்மாய் வண்டல் சிறந்த எரு. ஈரத்தைப் பிடித்து வைக்கும். விவசாயிகள் இதை விலையில்லாமல் எடுத்துக்கொள்ள அரசு அனுமதிக்கிறது. நஞ்சைக்கு ஏக்கருக்கு 75 கன மீட்டர், புஞ்சைக்கு 90 கன மீட்டர் என்பது 2017ஆம் ஆண்டு அறிவித்த அளவு. வட்டாட்சியரிடம் அனுமதி பெற்றே அள்ள வேண்டும். சிட்டா, அடங்கல் நகல்களைத் தயாராக வைத்துக்கொள்வது நல்லது. கரையின் அடியிலும் மடையின் அருகிலும் தோண்டக்கூடாது. வண்டல் முடிந்து சரளை தெரிந்தால் அங்கேயே நிறுத்திவிட வேண்டும். அதற்குக் கீழே தோண்டிய குழியில் தண்ணீர் தங்காது. அடுத்த ஆண்டு மீன்பிடிக்க இறங்கும் பிள்ளைகளுக்கு அது ஆபத்துமாகும். களிமண் நிலத்துக்கு வண்டல் தேவையில்லை. சீமைக்கருவேல் அடர்ந்த மூலையில் அள்ளிய மண்ணோடு அதன் விதையும் வயலுக்கு வரும் என்பதை மறக்கக்கூடாது.

2018 நவம்பரில் கஜா புயல் மாவட்டத்தின் கிழக்குப் பகுதித் தென்னைகளைச் சாய்த்துப் போட்டது. அதற்கு அடுத்த கோடையில் கொத்தமங்கலத்து இளைஞர்கள் அரசுக்குக் காத்திராமல் ஊரார் பணத்தில் தங்கள் நீர்நிலைகளைத் தூர்வாரத் தொடங்கினார்கள். எல்லா ஊரிலும் அது நடக்குமா என்பது வேறு கேள்வி.

போகிறவர்களுக்கு ஓரிரு செய்திகள். கெளுத்தி முள் குத்தினால் கடுக்கும். குத்திய இடத்தைச் சுத்தமாகக் கழுவி, தாங்கும் சூடுள்ள வெந்நீரில் சற்று நேரம் வைத்தால் வலி தணியும். முள் ஒடிந்து உள்ளே நின்றால் மருத்துவமனைக்குப் போய்த் தடுப்பூசியும் போட்டுக்கொள்ள வேண்டும். நீந்தத் தெரியாத சிறுவர்களைக் கரையோரத்திலேயே நிறுத்துங்கள்.

பத்து மணிக்குள் எல்லாம் முடிந்துவிடும். கூடையில் விரால் கிடைத்தவர் அதிகம் பேசாமல் வீட்டுக்கு நடப்பார். கெண்டை மட்டும் கிடைத்தவர் கரையில் நின்று கதை சொல்வார். ஒன்றும் கிடைக்காதவருக்குப் பக்கத்தில் உள்ளவர் இரண்டு மீன் எடுத்துப் போடுவது வழக்கம். அன்று ஊர் முழுதும் புளிக்குழம்பு வாசனை. மாலையில் பிள்ளைகள் சேற்றுக் குழிகளில் அயிரை துழாவுவார்கள். மறுநாள் விடிந்ததும் கொக்கும் நாரையும் வந்து இறங்கும். நத்தைக்குத்தி நாரை ஒவ்வொரு நத்தையாகத் தேடிக்கொண்டு, மாடு தண்ணீர் குடிக்கிற பள்ளம் வரை நடந்து போகும்.