ஓட்டின் உட்புறம்: நன்னீர், கழிமுக மட்டிகளை இனங்காணும் முறை

குளக்கரையிலும் கழிமுக மணலிலும் கிடக்கும் மட்டி ஓடுகளை எடுத்துப் பார்ப்போர், நிறத்தையும் வடிவத்தையும் கொண்டே அவற்றிற்குப் பெயரிட முற்படுவர். அம்முறை பலகால் வழுவுக்கு இடமாகும். வாழுமிடத்திற்கும் வயதிற்கும் ஏற்ப ஓரினத்தின் நிறமும் வடிவும் வேறுபடும். ஆதலால், ஓட்டின் புறத்தைக் காட்டிலும் அகமே உறுதியான சான்று தருவதாகும்.

ஈரோட்டு மெல்லுடலிகளின் அகத்திற் கவனிக்கவேண்டியன மூன்று. ஈரோடுகளும் பொருந்தும் கீலிலுள்ள பற்கள் முதலாவது. ஓடுகளை மூடும் தசைகளின் வடுக்கள் இரண்டாவது. உடலைப் போர்த்த மென்றோல் ஒட்டியிருந்த இடத்தைக் காட்டும் போர்வைக்கோடு மூன்றாவது. நீரை உள்வாங்கி வெளிவிடும் குழல்களை உள்ளிழுத்துக்கொள்ளும் மட்டிகளில், அக்கோடு பின்புறத்திற் குடாப்போல் வளையும். வளைவு ஆழமாயின், அவ்வுயிர் மண்ணில் ஆழப் புதைந்து வாழ்வதெனப் பொதுவாகக் கொள்ளலாம். இவ்வாறு, பெயரை உணர்த்தும் அடையாளமே வாழிடத்தையும் உணர்த்துகின்றது.

இலங்கையிலும் இந்தியாவிலும் குளங்களின் சேற்றில் வாழும் லமெல்லிடென்ஸ் நீண்ட ஓடுடையது. அதன் கீலிலே தகடு போன்ற நீண்ட பற்கள் உள. உட்புறம் முத்தொளி வீசும். போர்வைக்கோட்டிற் குடா இல்லை. அதனோடு உறவுடைய பரெய்சியாவின் ஓட்டு முனையில் வளைந்து மடிந்த வரிகள் காணப்படும். இவற்றின் இளவுயிர்கள் மீனின் செவுளிலோ செட்டையிலோ சிலகாலம் ஒட்டி வளர்ந்த பின்னரே அடிமண்ணை அடையும். ஆகவே, ஏற்ற மீனினம் அற்றுப்போன குளத்தில் முதிய மட்டிகள் எஞ்சியிருப்பினும் புதிய தலைமுறை தோன்றாது.

கழிமுகத்தில் மழைக்காலத்தில் உவர்ப்புக் குறைந்தும் கோடையில் மிகுந்தும் வரும். அம்மாற்றத்தைத் தாங்கும் மெரெட்ரிக்ஸ் காஸ்டா தடித்த, வழவழப்பான, முக்கோணம் ஒத்த ஓடுடையது. அதன் போர்வைக்குடா மிக ஆழங் குறைந்தது. அது மணலின் மேற்படையிலேயே புதைந்து வாழ்கின்றது. கிரசோஸ்திரியா மதராசென்சிஸ் என நூல்களிற் பெயர்பெற்ற சிப்பியோ கல்லிலும் கண்டல் வேரிலும் ஓட்டினாலேயே ஒட்டிக்கொள்ளும். அதற்குக் கீற்பற்கள் இல்லை, தசைவடுவும் ஒன்றே, அது கருஞ்செந்நீல நிறமுடையது.

இத்தகைய நுணுக்கம் ஏட்டளவில் நிற்பதன்று. நடு அமெரிக்கக் கரைகளுக்குரிய மைற்றிலொப்சிஸ் சாலி என்னும் போலி ஆளி, 1967 இல் விசாகப்பட்டினத் துறைமுகத்திற் காணப்பட்டது. நூலாற் பற்றி வாழ்வதாலும் வடிவத்தாலும் அது ஆளியென மயங்கத்தக்கது. ஆயினும், ஓட்டுமுனையின் உட்புறத்தில் அதற்குச் சிறு தட்டொன்று உண்டு. பச்சை ஆளிக்கு அஃது இல்லை. 1999 இல் அவுஸ்திரேலியாவின் டார்வின் நகரப் படகுத்துறைகளில் இவ்வினம் காலத்தே இனங்காணப்பட்டமையால், அத்துறைகளை அடைத்து, குளோரினும் செப்புச் சல்பேற்றும் இட்டு, அதனை முற்றாக அழித்தனர். அடையாளம் பிந்தியிருப்பின் அவ்வெற்றி கிட்டியிராது.

ஓடு திரட்டும் மாணவர் இடம், திகதி, நீரின் உவர்ப்பு, அடிமண்ணின் தன்மை ஆகியவற்றைக் குறித்தல் வேண்டும். வெற்றோடு வெள்ளத்தால் நெடுந்தூரம் அடித்துவரப்படலாம். உயிரோடு கண்ட மட்டியே வாழிடத்திற்குச் சான்றாகும். இடக்குறிப்பற்ற ஓடு எத்துணை அழகியதாயினும் பாதி அறிவையே தரும்.