பாட்டு இருக்கிறது, கேட்க ஆள் எங்கே?

தொலைக்காட்சிக் கலந்துரையாடலில் பேசப்படும் விஷயங்களை வார இறுதியில் இந்தப் பக்கத்தில் சற்று விரிவாகப் பார்த்து வருகிறோம். இந்த வாரம் பெற்றோர் பலருக்குப் புரியாத புதிராக இருக்கும் ஒரு விஷயம்.

உங்கள் வீட்டிலோ பக்கத்து வீட்டிலோ இப்படி ஒரு பிள்ளை இருக்கலாம். சனிக்கிழமை வந்தால் ஈப்போவிலிருந்து ரயிலேறி கோலாலம்பூர் போய்விடுகிறான். அங்கே நாம் யாரும் கேள்விப்படாத ஒரு குழு, ஒரு கடைவீட்டின் மாடியில், ஐம்பது அறுபது பேர் முன்னிலையில் பாடுகிறது. அதைக் கேட்க நுழைவுக் கட்டணம். அந்தக் குழுவின் பெயர் போட்ட சட்டை ஒன்றுக்கும் காசு. "சினிமாப் பாட்டு வானொலியில் சும்மாவே வருகிறது, இதற்குப் போய் ஏன் பணத்தைக் கரியாக்குகிறாய்?" என்று அம்மா கேட்கிறார். பிள்ளைக்கு விளக்கத் தெரியவில்லை. அவனுக்காக இங்கே நாம் விளக்கிப் பார்ப்போம்.

இண்டி என்றால் என்ன?

'இண்டிபெண்டன்ட்' என்பதன் சுருக்கம்தான் இண்டி. தமிழில் சுயாதீன இசை என்கிறோம். இது ராகத்தின் பெயரோ தாளத்தின் பெயரோ அல்ல. பாட்டு எப்படி உருவாகி, யார் பணத்தில் வெளிவருகிறது என்பதைக் குறிக்கும் பெயர்.

சினிமாப் பாட்டு நம் காதுக்கு எப்படி வருகிறது என்று பாருங்கள். தயாரிப்பாளர் பணம் போடுகிறார். கதைக்கு ஏற்ப மெட்டும் வரியும் அமைகின்றன. நட்சத்திர நடிகர் வாயசைக்கிறார். படம் வெளியாகும் முன்பே இசை நிறுவனம் பாட்டை ஊரெங்கும் கொண்டு சேர்க்கிறது. நாம் தேடிப் போக வேண்டியதில்லை. பாட்டே நம்மைத் தேடி வருகிறது.

இண்டி குழுவுக்கு இந்த வசதி எதுவும் கிடையாது. பகலில் தொழிற்சாலையிலோ அலுவலகத்திலோ வேலை. இரவில் பயிற்சி. சம்பளத்தில் மிச்சம் பிடித்து ஒலிப்பதிவுக் கூடத்துக்கு மணிக்கணக்கில் வாடகை. பாட்டு தயாரான பிறகு அதைக் கொண்டு சேர்க்க ஆள் இல்லை. அந்த வேலையை ரசிகன்தான் செய்கிறான். அவனே விளம்பரம், அவனே விநியோகம், அவன் கொடுக்கும் நுழைவுக் கட்டணமே அடுத்த பாட்டுக்கு முதல்.

இங்கிலாந்தின் மான்செஸ்டர் நகரில் பஸ்காக்ஸ் என்ற இளைஞர் குழு கடன் வாங்கித் தன் முதல் இசைத்தட்டைத் தானே அச்சிட்டு, 1977 ஜனவரியில் வெளியிட்டது. முதலில் போட்டது 1,000 பிரதிகள். பெரிய நிறுவனத்தின் வாசலில் காத்திருக்கத் தேவையில்லை என்ற துணிச்சலை அது மற்ற இளைஞர்களுக்குக் கொடுத்தது.

மாற்று வானொலியின் வேலை

அத்தகைய இசைத்தட்டை ஊர் அறியச் செய்ய ஒருவர் வேண்டுமே? பிபிசி ரேடியோ 1இல் அந்த வேலையைச் செய்தவர் ஜான் பீல். 1967இல் அந்த நிலையம் தொடங்கியதிலிருந்து 2004இல் காலமாகும் வரை, பெயர் தெரியாத குழுக்கள் அனுப்பும் ஒலிநாடாக்களைக் கேட்டுப் பார்த்துத் தனக்குப் பிடித்ததை ஒலிபரப்பினார். சிலரை பிபிசி ஒலிப்பதிவுக் கூடத்துக்கே அழைத்துப் பாட வைத்தார். அமெரிக்காவில் 1980களில் பல்கலைக்கழக மாணவர் வானொலிகள் இதைச் செய்தன.

ஏற்கெனவே பிரபலமான பாட்டைத் திரும்பத் திரும்பப் போடுவது ஒரு வகை வானொலி. இன்னும் யாரும் கேட்காத பாட்டைத் துணிந்து போடுவது இன்னொரு வகை. இரண்டாவதைத்தான் மாற்று வானொலி என்கிறார்கள்.

இதெல்லாம் வெள்ளைக்காரன் சமாச்சாரம் என்று நினைக்க வேண்டாம். இலங்கைத் தமிழர்களிடையே 1970களில் ஒரு பொப்பிசை அலை எழுந்தது. பைலா தாளத்தில் பேச்சுத் தமிழில் பாடிய நித்தி கனகரத்தினமும் ஏ.ஈ. மனோகரனும் அதன் முகங்கள். 'சின்ன மாமியே' எந்தத் திரைப்படத்துக்காகவும் எழுதப்பட்ட பாட்டல்ல. மேடையும் இலங்கை வானொலியும் அந்த அலையைக் கடல் தாண்டிக் கொண்டு போயின. மனோகரன் பாடிய 'சுராங்கனி' தமிழ்நாட்டில் மூலை முடுக்கெல்லாம் ஒலித்தது. அவர் 2018இல் காலமானார். இந்தப் பாட்டுகளை முணுமுணுத்த தாத்தா பாட்டிகளே, அந்தப் பெயர் தெரியாமலேயே நீங்களும் இண்டி ரசிகர்களாக இருந்தவர்கள்தாம்!

தோட்டத் திடலில் இருந்த ரசிகர் கூட்டம்

இப்போது நம் பேராக் மாநிலத்துக்கு வருவோம். சுங்கை சிப்புட், தாப்பா, பீடோர், தெலுக் இந்தான் வட்டாரங்களில் பால்மரத் தோட்டங்கள் செழித்திருந்த காலத்தில், மாரியம்மன் திருவிழா என்றால் இரவில் திடலில் மேடை ஏறும். நாடகம் இருக்கும், இன்னிசை நிகழ்ச்சி இருக்கும். வெளியூர்க் குழுவும் வரும், தோட்டத்துப் பிள்ளைகளும் பாடுவார்கள். பெரும்பாலும் சினிமாப் பாட்டுதான். ஆனால் பாடுபவன் யார் வீட்டுப் பிள்ளை என்று எல்லாருக்கும் தெரியும். சுருதி பிசகினால் மறுநாள் காலை பெரட்டில் கேலி செய்வார்கள். நன்றாகப் பாடினால் அடுத்த தோட்டத்துத் திருவிழாவுக்கும் அழைப்பு வரும்.

அங்கே தயாராக இருந்தது கேட்கும் கூட்டம். லயத்து வீடுகளில் இருந்தவர்கள் பாயைத் தூக்கிக்கொண்டு நடந்து வந்து உட்கார்ந்துவிடுவார்கள். ஓர் இளைஞன் பத்துப் பேர் முன்னால் தடுமாறி, நூறு பேர் முன்னால் தேறி, கலைஞனாகும் பயிற்சிக்கூடமாக அந்தத் திடல் இருந்தது.

பிறகு நடந்தது நமக்குத் தெரிந்த கதைதான். 1950களிலும் 60களிலும் தோட்டத் துண்டாடல். அதைத் தடுக்கும் முயற்சியாகத்தான் சுங்கை சிப்புட் மண்ணின் மைந்தர் துன் வீ.தி. சம்பந்தன் தலைமையில் 1960இல் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கம் பிறந்தது. பின்னர் பால்மரம் போய்ச் செம்பனை வந்தது. பல தோட்டங்கள் வீடமைப்புப் பகுதிகளாக மாறின. மக்கள் பட்டணத்துத் தாமான்களுக்கும் அடுக்குமாடிகளுக்கும் சிதறினார்கள். வேலை போனது, வீடு போனது என்று நாம் நிறையப் பேசியிருக்கிறோம். கூடவே, நடந்து போனால் எட்டும் தூரத்தில் இருந்த மேடையும் அதன் ரசிகர் கூட்டமும் போயின. அதை யாரும் கணக்கில் எழுதவில்லை.

திறமைக்குப் பஞ்சமா?

இல்லவே இல்லை. 1960களின் இறுதியில் பினாங்கில் ஆறுமுகம் சகோதரர்கள் லோகநாதனும் டேவிட்டும் உருவாக்கிய அலிகேட்ஸ் குழு, மேடை மேடையாக வாசித்துத் தேறி, மலாய்ப் பாடல்களால் நாடு முழுவதும் புகழ் பெற்றது. லோகநாதன் 2007இல் மறைந்தாலும் அவர் குரலை இன்றும் எல்லா இனத்தவரும் கேட்கிறார்கள். 1998இல் பொயட்டிக் எம்மோ குழு ஆங்கிலம், மலாய், தமிழ், கண்டனீஸ் என்று கலந்து ராப் பாடியது. அதிலிருந்த யோகி பி, எம்சி ஜெஸ், டாக்டர் பர்ன் ஆகியோருடன் இணைந்து 2006இல் 'வல்லவன்' இசைத்தொகுப்பை வெளியிட்டார். மலேசியாவில் பிறந்த தமிழ் ராப் தமிழ்நாட்டுக் காதுகளையும் எட்டியது. 2007இல் 'பொல்லாதவன்', 2011இல் 'ஆடுகளம்' என்று கோடம்பாக்கமே யோகி பி-யின் குரலைத் தேடி வந்தது.

நம் வட்டாரத்திலேயே இன்னொன்று இருக்கிறது. தைப்பூசத்தன்று ஈப்போ கல்லுமலைக் கோயிலுக்குக் காவடிகள் போகும் வழியில் நின்று பாருங்கள். உறுமி மேளக் குழுக்கள்! ஒரு பக்கத் தோலை வளைந்த குச்சியால் தேய்த்து உறுமலை எழுப்பி, மறுபக்கம் அடித்துத் தாளம் பிடிக்கும் இந்த வாத்தியம், தோட்டத்துக் கோயில்களிலிருந்து பட்டணத்துக்கு வந்தது. பணம் போட யாரும் இல்லை. பிள்ளைகளே சேர்ந்து கருவி வாங்குகிறார்கள், பயிற்சி செய்கிறார்கள், சட்டை தைத்துக்கொள்கிறார்கள். சுயாதீன இசை என்று நாம் மேலே சொன்ன விளக்கம் இவர்களுக்கு அப்படியே பொருந்துகிறது அல்லவா?

அந்த மேளத்தைக் கேட்டாலே முகம் சுளிப்பவர்களும் உண்டு. சென்னையில் நடந்ததை அவர்கள் கவனிக்க வேண்டும். இயக்குநர் பா. ரஞ்சித்தின் நீலம் பண்பாட்டு மையமும் இசைக்கலைஞர் டென்மாவும் சேர்ந்து உருவாக்கிய 'தி காஸ்ட்லெஸ் கலெக்டிவ்' குழு, 2018 ஜனவரியில் முதன்முதலாக மேடை ஏறியது. பறையும் கானாவும் கிட்டாரும் ராப்பும் ஒரே மேடையில். 'சாதியற்ற தமிழர்' என்று அயோத்திதாசப் பண்டிதர் சொன்னதிலிருந்து பிறந்த பெயர் அது. ஒதுக்கப்பட்டவை என்று பேர் வாங்கிய வாத்தியங்கள் நடுமேடைக்கு வந்தன. நம் உறுமிக்கும் அப்படி ஒரு மேடை அமையக் கூடாதா?

ஆயிரம் என்ற கணக்கு

"இப்போதுதான் இணையம் இருக்கிறதே, பாட்டை ஏற்றிவிட்டால் உலகமே கேட்குமே" என்பார்கள். ஏற்றுவது எளிதுதான். ஸ்பாட்டிஃபை 2013இல் மலேசியாவுக்கு வந்துவிட்டது. ஆனால் 2024 முதல் அந்நிறுவனம் ஒரு விதி வைத்திருக்கிறது. முந்தைய 12 மாதங்களில் 1,000 தடவையாவது கேட்கப்படாத பாட்டின் ஒலிப்பதிவுக்கு ஒரு காசும் வராது. 900 தடவை கேட்கப்பட்டாலும் பூஜ்யம்தான்.

இதை நேரடி நிகழ்ச்சியோடு ஒப்பிட்டுப் பாருங்கள். ஆளுக்கு 20 வெள்ளி கொடுத்து 100 பேர் வந்தால் 2,000 வெள்ளி. இட வாடகை, ஒலிபெருக்கி வாடகை போக மிஞ்சுவது ஒரு பாட்டின் ஒலிப்பதிவுச் செலவில் ஒரு பங்குக்காவது உதவும். தொலைவில் இருக்கும் 900 பேரை விட, பக்கத்தில் இருக்கும் 100 பேர் சிறு குழுவுக்குப் பெரிய பலம். தோட்டத் திடலின் பழைய கணக்கும் இதுவேதான்.

வானொலியும் முக்கியம். நம் நாட்டில் அரசாங்கத்தின் மின்னல் எப்எம், தனியார் துறையின் ராகா இரண்டும் உள்ளூர்ப் பாடல்களை ஒலிபரப்புகின்றன. பாட்டு ஒலிபரப்பானால் அதற்கான உரிமத் தொகை எம்ஏசிபி என்ற அமைப்பின் வழி, அதில் உறுப்பியம் பெற்றுப் பாட்டைப் பதிந்துள்ள இசையமைப்பாளருக்கும் பாடலாசிரியருக்கும் போகிறது. இந்த அமைப்பு 1989இலிருந்தே இருக்கிறது. மேலும், 1987ஆம் ஆண்டுக் காப்புரிமைச் சட்டப்படி ஒரு பாடல் படைப்பாளியின் ஆயுட்காலமும் அதன் பின் 50 ஆண்டுகளும் பாதுகாக்கப்படுகிறது. ஆகவே பாட்டு எழுதும் பிள்ளைகள் முதலில் செய்ய வேண்டியது, யார் எழுதியது, யார் மெட்டுப் போட்டது என்று தங்களுக்குள் எழுத்தில் வைத்துக்கொள்வது. நட்பில் தொடங்கிய குழுக்கள் பிற்பாடு சண்டையில் உடைவது பெரும்பாலும் இந்த இடத்தில்தான்.

பெற்றோரின் பயம்

பெற்றோரின் அச்சத்தையும் ஒதுக்கிவிட முடியாது. இரவு நிகழ்ச்சி, சத்தம், குடி, அடிதடி என்று கவலைப்படுகிறார்கள். 2015 ஆகஸ்டில் அம்பாங்கில் 'ரூமா அப்பி' என்ற சிறு இசைக்கூடத்தில் போலீஸ் சோதனை நடத்தி, நூற்றுக்கும் மேற்பட்டோரைப் பிடித்துச் சென்றது நாட்டையே பேச வைத்தது. நிகழ்ச்சி நடத்துபவர்கள் ஊராட்சி மன்ற உரிமம், போலீஸ் அனுமதி ஆகியவற்றை முன்கூட்டியே கேட்டு வாங்குவதுதான் தங்களுக்கும் ரசிகர்களுக்கும் பாதுகாப்பு. ஆனால் பயத்துக்கு மருந்து கதவை மூடுவதல்ல. நல்ல வெளிச்சமும் நல்ல பெயரும் உள்ள இடத்தை நாமே கொடுப்பதுதான். கோயில் மண்டபமும் தமிழ்ப்பள்ளி மண்டபமும் சங்கக் கட்டடமும் மாதத்தில் எத்தனை மாலை வெறுமனே பூட்டிக் கிடக்கின்றன?

நாம் செய்யக்கூடியது

பெரிய காரியம் எதுவும் வேண்டாம். வானொலிக்கு வாழ்த்து அனுப்பும்போது ஓர் உள்ளூர்ப் பாட்டைப் பெயர் சொல்லிக் கேளுங்கள். நிகழ்ச்சி தயாரிப்பவர் எந்தப் பாட்டைப் போடலாம் என்று முடிவெடுக்கும்போது நேயர் விருப்பம் கண்ணில் படும். திருமணத்துக்கோ திருவிழாவுக்கோ குழுவை அழைத்தால், சினிமாப் பாட்டுகளுக்கு நடுவே அவர்களின் சொந்தப் பாட்டு இரண்டுக்கு நேரம் கொடுங்கள். பேசிய பணத்தை அன்றே கொடுத்து அனுப்புங்கள். புந்தோங்கிலோ சுங்கை சிப்புட்டிலோ உங்கள் பிள்ளை ஒரு நிகழ்ச்சிக்குப் போகிறேன் என்றால், ஒரு தடவை நீங்களும் கூடப் போய் உட்கார்ந்து பாருங்கள். பிடிக்காவிட்டால் ஏன் பிடிக்கவில்லை என்று அந்தக் குழுவிடமே சொல்லுங்கள். அன்று பெரட்டில் கிடைத்த விமர்சனம் இன்று அவர்களுக்குக் கிடைப்பதில்லை.

முற்றத்து மல்லிகைக்கு மணம் இல்லை என்பார்கள். உண்மையில் மணம் இருக்கிறது. நாம் முற்றத்துக்குப் போவதில்லை. சனிக்கிழமை ரயிலேறும் அந்தப் பிள்ளை போகிறான். ஊர் கூடி இழுக்க வேண்டிய தேரை அவன் தனியாகப் பிடித்து இழுத்துக்கொண்டிருக்கிறான். வடத்தில் நாமும் ஒரு கை வைப்போம்.