அனுபவம் யாருடையது? – யாழ்ப்பாணத்துப் பொலிஸ் ஆட்சேர்ப்புப் பற்றிய ஒரு நோக்கு

2021 ஏப்ரலில் யாழ்ப்பாண மாநகர சபை ஐந்து பேர் கொண்ட ஒரு சிறு குழுவை அமைத்தது. வீதியில் குப்பை போடுவோரையும் எச்சில் துப்புவோரையும் கண்காணித்துத் தண்டம் அறவிடுவதே அதன் பணி. அவர்கள் அணிந்திருந்த நீலநிறச் சீருடை விடுதலைப் புலிகளின் காவல்துறைச் சீருடையை ஒத்திருந்தது என்ற குற்றச்சாட்டின்பேரில், அப்போதைய மாநகர முதல்வர் வி. மணிவண்ணன் பயங்கரவாத விசாரணைப் பிரிவினரால் கைது செய்யப்பட்டு, பின்னர் பிணையில் விடுவிக்கப்பட்டார். ஐந்து ஊழியரின் சட்டை நிறம் அரசின் பாதுகாப்புப் பிரச்சினையாக மாறியமை வியப்புக்குரியதாகத் தோன்றலாம். ஆயின், யாழ்ப்பாணத்தில் ஒழுங்கைக் காக்கும் ஆட்களைத் திரட்டும் உரிமை யாருக்கு உண்டு என்ற, ஒன்றரை நூற்றாண்டாகத் தீராத வினாவே அங்கு மீண்டும் தலைகாட்டியது.

இவ்வினா பேசப்படும்போதெல்லாம் இரு விடைகள் முன்வைக்கப்படுவதுண்டு. அனுபவம் வாய்ந்த அதிகாரிகளை நியமித்தால் நிலைமை சீர்படும் என்பது ஒன்று. தமிழ் அதிகாரிகளை நியமித்தால் சீர்படும் என்பது மற்றையது. இரண்டும் பிரச்சினையை ஆட்களின் தகைமை பற்றியதாகவே காண்கின்றன. அனுபவம் என்பது ஒருவர் தம்மோடு எடுத்துச்செல்லும் வெறும் தொழில் நுணுக்கமன்று. அது யாரிடமிருந்து, யாருக்கு எதிராக, யாருக்குப் பதில் சொல்லும் கடப்பாட்டின்கீழ்ப் பெறப்பட்டது என்பதே அதன் தன்மையைத் தீர்மானிக்கின்றது. யாழ்ப்பாணத்தின் வரலாறு இதற்குத் தெளிவான சான்று.

இலங்கைப் பொலிசின் தோற்றமே அனுபவமுள்ள ஓர் அதிகாரியை வெளியிலிருந்து வரவழைத்ததுடன் தொடங்குகின்றது எனலாம். 1865ஆம் ஆண்டின் 16ஆம் இலக்கப் பொலிஸ் கட்டளைச் சட்டம் நிறைவேறிய பின், பம்பாய் மாகாணத்து இரத்தினகிரியில் பணியாற்றிய ஜோர்ஜ் வில்லியம் றொபர்ட் காம்பெல் இங்கு அழைக்கப்பட்டார். அவர் பதவியேற்ற 1866 செப்டெம்பர் 3ஆம் நாளே இன்றும் பொலிஸ் தினமாகக் கொண்டாடப்படுகின்றது. அவர் கொணர்ந்த அனுபவம் எத்தகையது? 1857ஆம் ஆண்டுப் பேரெழுச்சிக்குப் பின் இந்தியாவில் 1861இல் பொலிஸ் சட்டம் இயற்றப்பட்டது. அந்த எழுச்சியின் அச்சத்திலிருந்து மீளாத ஆட்சியின் அனுபவம் அது. பிரித்தானியர் தம் குடியேற்ற நாடுகளுக்கு முன்மாதிரியாகக் கொண்டது 1829இல் லண்டன் மாநகருக்கென அமைக்கப்பட்ட பொலிசை அன்று, அயர்லாந்தின் பொலிசையே. லண்டன் பொலிஸ்காரர் பொதுவாக ஆயுதமின்றி நகரமக்களிடையே உலாவியவர். அயர்லாந்துப் பொலிஸ்காரரோ ஆயுதந்தாங்கியவர், பாசறையில் வாழ்ந்தவர், சொந்த மாவட்டத்தில் கடமையாற்ற விடப்படாதவர், மத்திய ஆட்சிக்கு மட்டுமே பதில் சொல்பவர். மக்களோடு ஒட்டாதிருத்தலே அங்குத் தகைமையாகக் கருதப்பட்டது. இலங்கைக்கு வந்து சேர்ந்ததும் இம்மரபின் சாயலே.

யாழ்ப்பாணத்துக் கிராமங்களில் அக்காலத்தே பொலிசின் நேரடி ஆட்சி குறைவு. மணியகாரர், உடையார், விதானையார் எனும் தலைமைக்காரரே ஒழுங்கைப் பேணினர். அவர்கள் பெரும்பாலும் நிலவுடைமை கொண்ட உயர்சாதியினர் என்பது மனங்கொள்ளத்தக்கது. இவ்வகையில் குடாநாட்டில் சட்டம் இரு முகங்களோடு விளங்கிற்று. நகரில் அது ஏகாதிபத்தியத்தின் முகம். கிராமத்தில் சாதி அதிகாரத்தின் முகம். பின்னாளில் பொலிஸ் நிலையங்கள் கிராமங்களை எட்டியபோது இவ்விரண்டும் ஒன்றையொன்று அழிக்கவில்லை, இணங்கியே இயங்கின.

இவ்விணக்கம் வெளிப்பட்ட இடம் தீண்டாமைக்கெதிரான போராட்டமாகும். 1957இல் சமூகக் குறைபாடுகள் தடைச்சட்டம் நிறைவேறியது. ஆலயம், தேநீர்க்கடை முதலான பொது இடங்களில் சாதி காரணமாக ஒருவரைத் தடுப்பது தண்டனைக்குரிய குற்றமாயிற்று. சட்டம் இருந்தும் தேநீர்க்கடைக் கதவுகள் தாமாகத் திறக்கவில்லை. 1966 ஒக்டோபர் 21இல் பொதுவுடைமை இயக்கத்தினரின் தலைமையில் சுன்னாகத்திலிருந்து புறப்பட்ட தீண்டாமை எதிர்ப்பு ஊர்வலத்தைப் பொலிசார் தாக்கினர். சட்டத்தை நடைமுறைப்படுத்தக் கடமைப்பட்டோர் அச்சட்டத்தின்படி உரிமை கேட்டோரையே அடித்தனர். 1968இல் மாவிட்டபுரம் கந்தசுவாமி கோயில் வாசலில் ஆலயப் பிரவேசப் போராட்டம் நடந்தபோதும், சட்டம் தந்த உரிமையை மக்கள் போராடியே பெறவேண்டியிருந்தது. ஆகவே, தமிழ்ப் பொலிஸ் இருந்தால் நீதி தானே வந்துவிடும் எனக் கருதுவோர் முதலில் சுன்னாகத்தை நினைத்துக்கொள்வது நன்று. மொழி ஒன்றாயிருப்பதால் வர்க்கமும் சாதியும் மறைந்துபோவதில்லை.

இதன் மறுபக்கம் இன ஒடுக்குமுறையாகும். 1956ஆம் ஆண்டின் தனிச் சிங்களச் சட்டத்துக்குப் பின் அரச சேவைகளில் தமிழரின் இடம் சுருங்கியது. பொலிசும் அதற்கு விலக்கன்று. 1962 சனவரியில் மூத்த பொலிஸ், இராணுவ அதிகாரிகள் சிலர் முயன்ற ஆட்சிக்கவிழ்ப்புத் தோல்வியுற்றபின், பழைய ஆங்கிலக் கல்விவழி வந்த அதிகாரி வர்க்கத்தின்மீது ஆட்சியாளர் நம்பிக்கை இழந்தனர். அதன்பின் அதிகாரிகளைத் தெரிவதில் அரசியல் விசுவாசத்தின் கை ஓங்கியது. அனுபவம் என்ற சொல்லின் பொருளும் மாறலாயிற்று.

இம்மாற்றத்தின் விளைவுகளைக் குடாநாடு தன் உடலில் தாங்கியது. 1974 சனவரி 10இல் உலகத் தமிழாராய்ச்சி மாநாட்டின் இறுதிநாள் நிகழ்வில் பொலிசார் தலையிட்டபோது உயிர்கள் பலியாயின. 1977 ஓகஸ்டில் யாழ்ப்பாணக் களியாட்ட விழாவொன்றில் பொலிசாருக்கும் பொதுமக்களுக்கும் இடையே மூண்ட தகராற்றைத் தொடர்ந்து நாடு தழுவிய இனவன்செயல் வெடித்தது. அதனை ஆராயச் சன்சோனி ஆணைக்குழு அமைக்கப்பட்டது. 1981 சூன் 4ஆம் நாள் நடைபெறவிருந்த மாவட்ட அபிவிருத்திச் சபைத் தேர்தலுக்கெனத் தென்னிலங்கையிலிருந்து பெருந்தொகைப் பொலிசார் கொண்டுவரப்பட்டிருந்தனர். மே 31ஆம் நாள் தொடங்கிய அழிப்பில் யாழ்ப்பாணப் பொதுநூலகம் ஏறத்தாழ 97,000 நூல்களோடு எரிந்தது. கொண்டுவரப்பட்டோர் தொழில் அறியாதவர்கள் அல்லர். அவர்களுக்கு அந்நகர் தம்முடையதாயிருக்கவில்லை; தாம் செய்வதற்கு அந்நகர மக்களிடம் பதில் சொல்ல வேண்டிய நிலையும் இருக்கவில்லை.

தமிழர் ஒருவர் தலைமையில் இருந்திருப்பின் நிலைமை மாறியிருக்குமா? வரலாறு இதற்கும் விடை வைத்திருக்கின்றது. 1982 முதல் 1985 வரை இலங்கையின் பொலிஸ் மா அதிபராக இருந்தவர் ருத்ரா இராசசிங்கம் என்னும் தமிழர். நீண்டகாலச் சேவை கண்டவர். 1983 யூலை அவருடைய பதவிக்காலத்துள்தான் அடங்குகின்றது. இதனைத் தனிமனிதர் ஒருவரின் குறைபாடாகக் கொள்வது மேலோட்டமான வாசிப்பாகும். உச்சியில் அமரும் ஒருவரின் இனம், அரச இயந்திரம் ஓடும் திசையை மாற்றுவதில்லை என்பதே நாம் அறியவேண்டிய பாடம். கீழ்நிலையில் நின்ற தமிழ் அதிகாரிகளின் நிலையோ மேலும் இக்கட்டானது. தம் மக்களையே துப்பறியும் பணி அவர்கள்மீது சுமத்தப்பட்டது. இளைஞர் இயக்கங்கள் அவர்களைத் துரோகிகள் எனக் குறிவைத்தன. 1978 ஏப்ரலில் பொலிஸ் பரிசோதகர் பஸ்தியாம்பிள்ளையின் கொலை இந்நிலையின் அடையாளம். அவ்வாண்டுகளில் தமிழ் அதிகாரி ஒருவரின் அனுபவம் அவருக்கே ஆபத்தாகியது.

1991இல் விடுதலைப் புலிகள் தம் கட்டுப்பாட்டில் இருந்த யாழ்ப்பாணத்தில் தமிழீழக் காவல்துறையை நிறுவினர். அதன் பொறுப்பாளராக நியமிக்கப்பட்ட பா. நடேசன் முன்னாளில் இலங்கைப் பொலிசில் கொன்ஸ்டபிளாகப் பணியாற்றியவர். அரசை மறுத்து எழுந்த அமைப்பும் தன் காவலுக்கு அவ்வரசின் பள்ளியில் பயின்ற ஒருவரையே நாடவேண்டியிருந்தது. தொழிலறிவு ஓர் அமைப்பிலிருந்து இன்னோர் அமைப்புக்குப் பெயரக்கூடியது என்பதற்கு இது சான்று. தமிழில் முறைப்பாடு, தமிழில் விசாரணை என்பன மக்களுக்குப் புதிய அனுபவங்கள் என்பதை மறுப்பதற்கில்லை. ஆனால் அக்காவல்துறை ஓர் இயக்கத்துக்கு மட்டுமே பதில் சொல்வதாயிருந்தது. அதனைத் தட்டிக்கேட்க மக்கள் மன்றம் எதுவும் இருக்கவில்லை. சீருடையின் நிறமும் பேச்சின் மொழியும் மாறின. மேலிருந்து கீழ் நோக்கிய அதிகாரத்தின் போக்கு மாறவில்லை.

சட்டநெறியில் முன்வைக்கப்பட்ட மாற்றுவழி, 1987 யூலையில் கைச்சாத்தான இந்திய – இலங்கை உடன்படிக்கையைத் தொடர்ந்து அவ்வாண்டு நவம்பரில் நிறைவேறிய அரசியலமைப்பின் 13ஆவது திருத்தமாகும். அது பொலிசைத் தேசியப் பிரிவு என்றும் மாகாணப் பிரிவுகள் என்றும் வகுத்தது. மாகாணப் பிரதிப் பொலிஸ் மா அதிபரை முதலமைச்சரின் இணக்கத்துடன் நியமித்தல், அவரையும் முதலமைச்சரின் நியமனத்தர் ஒருவரையும் உள்ளடக்கிய மூவர் கொண்ட மாகாணப் பொலிஸ் ஆணைக்குழு என்பன அதன் கூறுகள். மூத்த அதிகாரிகள் தேசியப் பிரிவிலிருந்து அனுப்பப்பட, கீழ்நிலையினர் மாகாணத்திலேயே சேர்க்கப்படுதல் அத்திட்டத்தின் உட்கருத்து. அனுபவத்தையும் உள்ளூர்த் தன்மையையும் இணைக்க முயன்ற திட்டமிது. குறைகள் அதில் இல்லாமலில்லை. கட்டளையிடும் தரம் மையத்தின் கையிலேயே நின்றது. ஆனால் அவ்வளவுகூட நடைமுறைக்கு வரவில்லை. 2013 செப்டெம்பரில் தெரிவான வட மாகாண சபை பொலிஸ் அதிகாரம் எதுவுமின்றியே 2018இல் தன் காலத்தை முடித்துக்கொண்டது.

இங்கு மொழி பற்றிச் சிறப்பாகக் கூறவேண்டியுள்ளது. இலக்கிய மாணவராகிய நமக்குப் பொலிஸ் நிலையத்து வாக்குமூலம் ஒரு பனுவலாகவும் தோன்றுகின்றது. அதன் சொந்தக்காரர் ஒருவர், எழுதுபவர் வேறொருவர். சொன்னவரின் அழுகையும் தயக்கமும் நீங்கி, திகதியும் நேரமும் பிரிவு இலக்கமும் எஞ்சுகின்றன. எழுதுபவருக்கும் சொல்பவருக்கும் மொழி வேறாயின், தாம் கூறாததற்கும் ஒருவர் கையொப்பமிட நேர்கின்றது. நாளை நீதிமன்றில் அதுவே அவருக்கெதிரான சாட்சியாகின்றது. வடக்கிலும் கிழக்கிலும் பொதுப்பதிவுகள் தமிழில் பேணப்படல் வேண்டும் என்பது 1988ஆம் ஆண்டின் 16ஆவது திருத்தத்தோடு அரசியலமைப்பில் இடம்பெற்ற விதி. இருந்தும், 2011இல் வெளியான கற்றுக்கொண்ட பாடங்கள் மற்றும் நல்லிணக்க ஆணைக்குழுவின் அறிக்கை, பொலிஸ் நிலையங்களில் இருபத்துநான்கு மணிநேரமும் இருமொழி அதிகாரிகள் இருத்தல் வேண்டும் எனப் பரிந்துரைக்க நேர்ந்தது. ஏட்டிலிருந்த விதி அதுவரை நிலையத்து மேசையை எட்டவில்லை என்பதற்கு இதனினும் தெளிவான ஒப்புதல் வேண்டியதில்லை.

மொழியறிவு மட்டும் போதுமென்றும் நாம் கூறவில்லை. 2016 ஒக்டோபரில் கொக்குவில் குளப்பிட்டிப் பகுதியில் யாழ்ப்பாணப் பல்கலைக்கழக மாணவர் இருவர் பொலிசாரின் துப்பாக்கிச் சூட்டைத் தொடர்ந்து உயிரிழந்தனர். 2023 நவம்பரில் வட்டுக்கோட்டைப் பொலிசாரால் கைது செய்யப்பட்ட இளைஞர் ஒருவர், தாம் சித்திரவதைக்குள்ளானதாகக் கூறியபின் இறந்தார். அடுத்த மாதமே உயர் நீதிமன்றம், சித்திரவதை தொடர்பான வழக்கொன்றில் தேசபந்து தென்னக்கோன் உள்ளிட்ட அதிகாரிகள் அடிப்படை உரிமையை மீறினர் எனத் தீர்ப்பளித்தது. அவரோ அப்போது பதில் பொலிஸ் மா அதிபர். தீர்ப்புக்குப் பின்னரும் 2024 பெப்ரவரியில் அவருக்கு நிரந்தர நியமனம் வழங்கப்பட்டது. 2025 ஓகஸ்டில்தான் நாடாளுமன்றம் அவரைப் பதவி நீக்கியது. நீண்ட சேவை தகைமையாக எண்ணப்பட்டது. அச்சேவையில் என்ன செய்யப்பட்டது என்பது எண்ணப்படவில்லை.

நமது பொலிசின் முன்மாதிரி பிறந்த அயர்லாந்து தீவை மீண்டும் நோக்குதல் இங்குப் பயன்தரும். வட அயர்லாந்துப் பொலிசில் கத்தோலிக்கர் ஏறத்தாழ நூற்றுக்கு 8 பேராகவே இருந்தனர். 1998ஆம் ஆண்டு உடன்படிக்கையின் வழி அமைந்த பற்றன் ஆணைக்குழு 1999இல் அறிக்கை தந்தது. 2001இல் பொலிசின் பெயரும் சின்னமும் மாற்றப்பட்டன. புதிதாகச் சேர்க்கப்படுவோரில் கத்தோலிக்கரும் ஏனையோரும் சரிபாதி என்ற விதி 2011 வரை கைக்கொள்ளப்பட்டது. அவ்வாண்டில் கத்தோலிக்கர் விகிதம் 30ஐ அண்மியது. பழைய அதிகாரிகள் பலர் இழப்பீட்டுடன் விருப்பின்பேரில் விலகிச்செல்ல வழி செய்யப்பட்டது. அனுபவசாலிகளை இழக்கின்றோமே என்ற எதிர்ப்பு அங்கும் எழாமலில்லை. எனினும், பொலிசைக் கேள்விகேட்கும் சபையும், முறைப்பாடுகளைச் சுயாதீனமாக விசாரிக்கும் அலுவலகமும் ஆட்சேர்ப்போடு சேர்த்தே அமைக்கப்பட்டன. அங்குள்ள பிரச்சினைகள் யாவும் தீர்ந்துவிட்டன என்பதன்று இதன் பொருள். ஆட்சேர்ப்பும் பதில் சொல்லும் கடப்பாடும் ஒன்றாக மாறினாலன்றி எதுவும் மாறாது என்பதே நமக்கு வேண்டியது.

மேற்கூறியவற்றைத் தொகுத்து நோக்குமிடத்து ஒன்று புலனாகின்றது. வெளியிலிருந்து வந்த காம்பெலின் அனுபவம், அரசின் உச்சியில் அமர்ந்த தமிழரின் அனுபவம், அரசை விட்டு நீங்கி இயக்கத்துக்குச் சென்றவரின் அனுபவம் ஆகிய மூன்றையும் யாழ்ப்பாணம் கண்டுவிட்டது. மூன்றிலும் மக்கள் ஆளப்படுவோராகவே நின்றனர். எனவே, அனுபவமுள்ளோரை எங்கிருந்து கொணர்வது என்பது இரண்டாவது வினா. அவர்கள் யாருக்குப் பதில் சொல்வர் என்பதே முதல் வினா. மக்களால் தெரிவுசெய்யப்பட்ட மன்றமொன்று நியமனத்திலும் விசாரணையிலும் பங்குகொள்ள வேண்டும். நியமனத்துக்கு முன் ஒருவரது சேவைக்காலச் செயல்கள் பரிசீலிக்கப்பட வேண்டும். சேர்க்கப்படுவோரில் ஒடுக்கப்பட்ட சாதியினரும் பெண்களும் தக்க இடம் பெறவேண்டும். முறைப்பாட்டாளர் தம் மொழியில் எழுதப்பட்டதைத் தாமே வாசித்துக் கையொப்பமிட வேண்டும். இவை நிறைவேறும்போதே ஓர் அதிகாரியின் அனுபவம் மக்களின் உடைமையாகும். அதுவரை அது அதிகாரத்தின் உடைமையாகவே இருக்கும்.